கொர்னேலியஸின் அடிக்குரல்

கொர்னேலியஸுக்கு ஊரில் எல்லாரையும் தெரியும், யாரோடும் பேச்சுவார்த்தை கிடையாது. மைசூர் மைன்ஸ் தங்கச் சுரங்கத்து லேம்ப் ரூமில் அவருக்கு வேலை. ஷிஃப்டுக்கு இறங்குகிறவர்கள் ஜன்னலில் பித்தளை வில்லையை நீட்டுவார்கள். அவர் தலைவிளக்கையும் பேட்டரியையும் எடுத்துக் கொடுப்பார். கேஜ் என்கிற கூண்டில் மேலே ஏறி வந்ததும் விளக்கு திரும்பி வரும், வில்லை போகும். வருஷக்கணக்காக இதே வேலை. ஜன்னல் சின்னது என்பதால் முகத்தைவிடக் கையை வைத்துத்தான் ஆட்களை அடையாளம் தெரியும். இதில் அவருக்கு வருத்தம் இருந்ததா என்றால், இருந்தது. ஆனால் அதைக் கேட்க ஒரு ஆள் வேண்டுமே.

ஒரு காலத்தில், சுரங்கத்துக்காரர்கள் கொடுத்த அந்த லைன் வீட்டில் ஆளுக்குப் பஞ்சமில்லை. அம்மா முதலில் போனாள். அப்பா ஆபிரகாம் சுரங்கத்தில் பாறைக்குத் துளை போடுகிறவர். நெஞ்சில் தூசி அடைத்து அவரும் போய்விட்டார். மூத்தவர் கொர்னேலியஸ். தம்பி ஏசுபாதத்தையும் தங்கை எஸ்தரையும் ஆளாக்கியது அவர்தான். ஆளாக்கினார் என்றால் எழுந்திரு, படி, சாப்பிடு, தூங்கு என்று நாளெல்லாம் சத்தம் போட்டார் என்று அர்த்தம். தம்பி எதிர்த்துப் பேச வாயைத் திறப்பதற்குள் அண்ணன் பேசி முடித்திருப்பார். தன் கல்யாணப் பேச்சு வரும்போதெல்லாம், "எஸ்தருக்கு முடியட்டும்" என்றார். எஸ்தருக்கு முடிந்தபோது அந்தப் பேச்சை எடுக்க வீட்டில் யாரும் மிச்சமில்லை.

ஏசுபாதம் பெங்களூரில் ஒரு ஃபேக்டரியில் சேர்ந்து, பெண் கட்டிக்கொண்டு, அங்கேயே தங்கிவிட்டான். எஸ்தரைப் பேத்தமங்களாவில் ஏரிப் பாசனத்தில் நெல் போடும் மாணிக்கராஜுக்குக் கொடுத்தார்கள். கொர்னேலியஸும் நாலு பாத்திரமும் வீட்டில் மிச்சம்.

அப்பா விட்டுப்போனது ஒரு பாட்டு. கிறிஸ்துமஸுக்கு வீடு வீடாகப் பாடிப் போகிற ரவுண்ட்ஸுக்காக அவரே கட்டியது. மூன்று குரலில் பாட வேண்டும்: மேலே எஸ்தர், நடுவில் ஏசுபாதம், அடியில் கொர்னேலியஸ். பாலகாட் சுரங்க லைன் வரைக்கும் போய்ப் பாடியிருக்கிறார்கள். ஆபிரகாம் பிள்ளைகள் வந்தாச்சு என்று ஜனங்கள் பலகாரத் தட்டோடு வாசலில் நிற்பார்கள். பிரிந்த பிறகு மூன்று பேரும் சேர்ந்து பாடியதே இல்லை. தம்பிக்கு லீவு கிடைக்கும்போது தங்கைக்கு அறுப்பு. தங்கை வரும்போது தம்பிக்கு ஓவர்டைம். அடிக்குரலைத் தனியாகப் பாடிப் பார்த்திருக்கிறீர்களா? அதில் பாட்டே இருக்காது. வீடில்லாத இடத்தில் தூண் நட்டுவைத்த மாதிரி இருக்கும்.

சுரங்கத்தை சர்க்கார் எடுத்துக்கொண்ட பிறகு, மிச்சமிருந்த வெள்ளைக்கார துரைமார்களும் ஒவ்வொருவராகக் கப்பல் ஏறினார்கள். போகிற துரை பங்களாச் சாமான்களை ஏலம் விடுவது வழக்கம். லைன் ஜனங்கள் போய்ப் பீங்கான் தட்டும் மேஜை விளக்கும் எடுத்து வருவார்கள்; ஒருவன் குளிக்கிற தொட்டியைத் தூக்கி வந்து, வாசலில் நுழையாமல் கோழிக்கு வீடாக்கினான். கொர்னேலியஸ் ஒரு ஸ்பூல் டேப் ரெக்கார்டர் எடுத்து வந்தார். வந்த நாளிலிருந்து அவருக்கு ஒரே யோசனை. மூன்று பேரும் ஒரே நாளில் சேர முடியாவிட்டால் என்ன, ஒரே டேப்பில் சேரலாமே.

சொல்லிக்கொடுக்க யாரும் இல்லை. பெங்களூர் பழைய சாமான் சந்தையில் இரண்டாவது மிஷின் ஒன்றைத் தேடிப் பிடித்தார். ஒரு மிஷினில் பழைய குரல் ஓட வேண்டும், எதிரில் மைக்கில் புதிய குரல் பாட வேண்டும், இரண்டும் கலந்து அடுத்த மிஷினில் ஏற வேண்டும். அதற்காகப் பழைய ரேடியோவின் வயிற்றைக் கிழித்து இரண்டு திருகு எடுத்து, ஒரு பிஸ்கட் டின்னில் பொருத்திக் கலவைப் பெட்டி ஒன்று செய்தார். ஓடுகிற குரலைக் காதோரம் கேட்டுக்கொண்டே பாடுவதற்குத் தூக்கியெறிந்த டெலிபோனின் காதுக்குழல். எதிரொலிக்காமல் இருக்கச் சுவரெல்லாம் கம்பளி. வயரை மாற்றிக் கொடுத்து ஃப்யூஸ் போனது உண்டு, பாடி முடித்த பிறகுதான் பொத்தானை அழுத்தவில்லை என்று தெரிந்ததும் உண்டு. கம்பளிக்குள் நின்று பாடியதையே பாடுகிறவரைப் பார்த்துவிட்டு அடுத்த வீட்டு நாகம்மா, "பாவம், தனியா கெடந்து ஒரு மாரி ஆயிட்டாரு" என்று தெருக்குழாயடியில் சொல்லிவைத்தாள்.

ஈஸ்டருக்கு ஏசுபாதம் வந்தபோது அவன் குரலை எடுத்தார். அண்ணனுக்குப் பைத்தியம்தான் என்று சிரித்துக்கொண்டே பாடினான். மே மாதம் எஸ்தர் வந்தாள். காதுக்குழலில் ஏசுபாதத்தின் குரல் கேட்டதும் கண் கலங்கிவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு பாடினாள். இரண்டும் கலந்து வந்ததைக் கொர்னேலியஸ் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டார். இனி அவர் ஒருவர் பாடிச் சேர்ந்தால் போதும்.

அதுதான் முடியாமல் போயிற்று. அவர்கள் இரண்டு பேரையும் மிஷினில் ஓடவிட்டு இவர் பாடுவார். பிறகு போட்டுக் கேட்டால் தம்பி இருப்பான், தங்கை இருப்பாள், இவர் குரல் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது. திருகைக் கொஞ்சம் ஏற்றிப் பாடினார். போதவில்லை. மைக்குக்குக் கிட்டே போனார். இன்னும் கிட்டே போனார். மிஷினில் பச்சையாக ஒரு கண் உண்டு. சத்தம் அளவாக இருந்தால் பாதி மூடும், அதிகமானால் இறுக மூடிக்கொள்ளும். அது இறுக மூடிக்கொண்டது. துரை விட்டுப்போன மிஷினின் கண்ணைவிடத் தன் காதே மேல் என்று கொர்னேலியஸ் முடிவு கட்டினார். ஷிஃப்ட் முடிந்து வந்து வந்து பாடி, மழைக்காலத்தில் ஒரு நாள் தன் குரல் அவர்கள் இரண்டு பேருக்கும் பக்கத்தில் ஜம்மென்று வந்து நின்றதைக் கேட்டார். அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கவில்லை. அவ்வளவு சந்தோஷம்.

எஸ்தர் புதுவீடு கட்டி முடித்திருந்தாள். வீட்டுப் பிரதிஷ்டைக்கு ஏசுபாதம் பெண்டாட்டி பிள்ளையோடு வந்திருந்தான். சர்ச் ஐயர் ஜெபம் செய்து முடித்ததும் கொர்னேலியஸ் மிஷினைக் கூடத்தில் வைத்தார். "ஆபிரகாம் பிள்ளைங்க பாட்டு" என்று மட்டும் சொன்னார். வந்தவர்கள் பாயில் உட்கார்ந்து காத்திருந்தார்கள்.

பாட்டு எழுந்தது. கொர்னேலியஸ் மட்டும்தான் பாடினார். சுவரில் மாட்டிய படம் அதிரும்படி அவர் குரல் கூடத்தை அடைத்துக்கொண்டது. எஸ்தர் எங்கோ பக்கத்துத் தெருவில் பாடுவது போலக் கேட்டது. ஏசுபாதம் இருக்கிற இடமே தெரியவில்லை. பாயில் யாரோ சிரித்தார்கள். கொர்னேலியஸ் அவசரமாகத் திருகைத் திருப்பினார். மொத்தச் சத்தமும் குறைந்ததே தவிர அவர் குறையவில்லை.

ஏசுபாதம் மெதுவாகத்தான் சொன்னான். "அந்த ஊட்ல எப்பவும் ஒரு குரல்தானண்ணா. நாங்க வாய தொறக்க உட்டதே இல்ல. இப்ப அதுக்கு மிஷின் வேற வாங்கிக்கினியா?"

"இல்லடா, ஊட்ல கேக்கும்போது மூணு பேரும்..."

"போதும்ணா."

இலையில் பிரியாணி ஆறிக்கொண்டிருக்க, அவன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பெண்டாட்டியோடு பஸ்ஸுக்குப் போய்விட்டான். எஸ்தர் வாசல் வரை ஓடினாள். கொர்னேலியஸ் எழுந்திருக்கவில்லை.

பாட்டு முடிந்தும் மிஷின் ஓடிக்கொண்டே இருந்தது. அதை நிறுத்த யாருக்கும் தோன்றவில்லை. மாணிக்கராஜ்தான் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"இன்னா மச்சான், உங்க மில்லும் கூடவே வந்துட்டு கீது?"

"எந்த மில்லு?"

"இதோ, கும்முனு ஒரு சத்தம் வருதே. கல்லு அரைக்கிற மில்லு. உங்க ஊட்டுக்கு வந்தா எனக்குத் தூக்கமே வராது. எஸ்தர கேட்டா, எந்த சத்தம்னுவா. கல்யாணம் ஆன புதுசுல இங்க இவளுக்குத் தூக்கம் வரல. ஏன்னு கேட்டா, சத்தமே இல்லியேன்னா."

கொர்னேலியஸ் குனிந்து மிஷினோடு காதை வைத்தார். ஆமாம், கும்மென்று ஒரு சத்தம். பொத்தானை அமுக்கினார், நின்றது. வெளியே ஏரிக்கரைப் பக்கம் ஒரு கொக்கு கத்தியதுகூடக் கேட்டது. பிறந்ததிலிருந்து இரவும் பகலும் ஓடுகிற மில்லை அவர் முதல்முதலாகக் கேட்டது பேத்தமங்களாவில்.

பஸ்ஸில் திரும்பும்போது எல்லாம் புரிந்தது. மில்லின் சத்தமும் அவர் குரலும் ஒரே அடிச்சுருதியில் ஓடுகிறவை. வீட்டில் அவர் குரலை மில் விழுங்கியது. விழுங்கியதைத் தாண்டிக் கேட்க வேண்டும் என்று இவர் ஏற்றிக்கொண்டே போனார். மில் இல்லாத ஊரில் அத்தனையும் தம்பி தங்கை தலைமேல் விழுந்துவிட்டது. டேப்புக்கு மட்டும்தான் இந்தக் கணக்கா என்றும் யோசித்தார். அந்த வீட்டில் அத்தனை வருஷம் போட்ட கூச்சலை நினைத்துப் பார்த்தார். அதற்கெல்லாம் மில்மேல் பழி போட அவருக்கு மனசு வரவில்லை.

மறுபடி ஆரம்பித்தார். இந்த முறை காதை நம்பக் கூடாது. பச்சைக் கண் சொல்கிறபடி திருகை இறக்கினார், மைக்கை விட்டுப் பின்னால் நகர்ந்து நின்று பாடினார். சரியா என்று வீட்டில் வைத்துக் கேட்கவும் வழியில்லை. இரண்டு மிஷினில் சின்னதை மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறிப் பேத்தமங்களாவுக்குப் போவார். எஸ்தர் முறத்தோடு உட்கார்ந்து கேட்பாள். இன்னும் ஜாஸ்தி என்பாள், திரும்பிப் போய்ப் பாடுவார். இப்போது ரொம்பக் கம்மி என்பாள், மறுபடி போவார். என்னய்யா, குழந்தைக்கு டிக்கெட் எடுக்கலையா என்று கண்டக்டர் கேலி செய்கிற அளவுக்குப் போய்வந்தார். கடைசியில் ஒரு நாள் அவள் முறத்தைக் கீழே வைத்தாள்.

"இப்பதாண்ணா மூணு பேரும் கீறோம்."

அவருக்கும் கேட்டது. மேலே ஒருத்தி, நடுவில் ஒருவன், அடியில் தாங்கிக்கொண்டு அவர். எஸ்தர் இன்னொரு தரம் போடச் சொன்னாள்.

வீட்டுக்கு வந்து அதே டேப்பைப் போட்டார். எஸ்தர் பாடினாள், ஏசுபாதம் பாடினான். அவர் இல்லை. தான் செத்த பிறகு பிள்ளைகள் பாடுவதை ஒளிந்திருந்து கேட்கிற மாதிரி இருந்தது. வேறு மாதிரி செய்யவும் முடியாது. அவர்களோடு சேர்ந்திருக்க வேண்டுமானால் தன் வீட்டில் தான் காணாமல் போயாக வேண்டும்.

தம்பிக்கு அனுப்ப மனசு துடித்தது, தைரியம் வரவில்லை. மறுபடியும் உன் குரலா என்று கேட்டுவிட்டால்? இரண்டு கிறிஸ்துமஸ் வந்து போயிற்று. ரவுண்ட்ஸ் பையன்கள் வாசலில் வேறு ஏதோ பாடினார்கள். முறுக்கு கொடுத்து அனுப்பினார். அவர்கள் போனதும் மிஷினைப் போட்டு அந்த இரண்டு குரலையும் கேட்டபடி சாப்பிட்டார். சில நாள் சாப்பிடாமலும் கேட்டார்.

அடுத்த வருஷம் டிசம்பரில் அப்பா கல்லறைக்குச் சுண்ணாம்பு அடிக்க ஏசுபாதம் வந்தான். அண்ணனை வந்து பார் என்று எஸ்தர் ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாளாம். அவனுக்குக் காதோரம் நரை கண்டிருந்தது. கல்லறையில் இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் அடித்தார்கள். வாளியை இப்படித் தள்ளு, பிரஷைக் கொடு என்பதைத் தவிர வேறு பேச்சில்லை. வீட்டுக்கு வந்து டீ போட்டுக் கொடுத்தார். ஏசுபாதம் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு காதைத் தேய்த்தான்.

"இன்னாண்ணா இது, மில்லு சத்தம் இப்படி கீது? இதுக்குள்ளதான் நாம கெடந்தமா?"

கொர்னேலியஸ் எழுந்து போய் மிஷினைப் போட்டார்.

தன் பழைய குரலைக் கேட்டதும் ஏசுபாதம் டம்ளரைக் கீழே வைத்தான். கடைசி வரி வரைக்கும் அசையாமல் இருந்தான். டேப் முனை சுற்றிக்கொண்டு படபடத்தது.

"நானும் எஸ்தரும்தான் கீறோம். உன் குரல் எங்கண்ணா?"

"நானும் அதுல கீறேன்டா. இங்க கேக்காது."

"பின்ன எங்க கேக்கும்?"

"நீங்க கீற எடத்துல கேக்கும்."

ஏசுபாதம் தலையைக் குனிந்துகொண்டான். மில் ஓடிக்கொண்டிருந்தது. அவன் எழுந்து போய், தெரியாத மிஷினில் தடவித் தடவி ஸ்பூலைப் பின்னால் சுற்றினான். பொத்தானில் விரலை வைத்துக்கொண்டு அண்ணனைப் பார்த்தான்.

"நீ பாடுண்ணா."

டேப் ஓட, அந்த இரண்டு குரலோடும் சேர்ந்து கொர்னேலியஸ் பாடினார். மில் சத்தத்தில் கொஞ்சம் உரக்கவே பாட வேண்டியிருந்தது.