உள்பக்கத்துப் பொத்தான்

என் அலுமாரியில் ஒரு கறுப்புக் காற்சட்டை இருக்கிறது. வெளியே தடித்த பருத்தி, உள்ளே சிவப்புப் பட்டில் வெள்ளைப் பூ. இடுப்பில் துணியை முடிந்து செய்த பொத்தான் ஒன்று. அதே மாதிரி இன்னொன்று உள்பக்கத்திலும். கடைச் சட்டைகளில் உபரியாக ஒரு பொத்தான் தைத்திருப்பார்களே, அப்படி ஒன்று என்றுதான் இத்தனை காலமும் நினைத்திருந்தேன். குளிர்காலத்தில் கோவிலுக்கோ கலியாணத்துக்கோ போகும்போது சேலைக்குள் அதைத்தான் போடுவேன். ரொறன்ரோவில் பனிக்காலத்தில் சேலை கட்டும் பெண்களிடம் உள்ளே என்ன போட்டிருக்கிறீர்கள் என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் பாதிப் பேரின் மானம் போய்விடும்.

அதைத் தைத்துத் தந்தவர் சீன அன்ரி. கனடாவுக்கு வந்த புதிதில், மோர்னிங்சைட் பக்கம் கார் இருக்கைகளுக்கு உறை தைக்கும் தொழிற்சாலையில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது, எங்கள் வரிசைக்கு அவர்தான் பொறுப்பு. அவருடைய இங்கிலிஷும் அரைகுறை, என்னுடையதும் அரைகுறை. இரண்டும் சேர்ந்து எப்படியோ ஒரு முழு மொழியாகிவிடும். அவர் சொன்னதெல்லாம் என் நினைவில் யாழ்ப்பாணத் தமிழாகவே பதிந்து கிடக்கிறது. அப்படியே எழுதுகிறேன், அன்ரி கோபிக்க மாட்டார்.

எங்கள் நட்பு ஒரு சண்டையில்தான் தொடங்கியது. தொழிற்சாலையின் கிறிஸ்மஸ் விருந்துக்கு, நாங்கள் சொல்லும் நத்தார் விருந்துக்கு, நான் சேலை கட்டிப் போயிருந்தேன். அன்ரி என் இடுப்பைப் பார்த்தார். பிறகு தன் கம்பளிச் சட்டையைக் கழற்றி, எல்லோருக்கும் முன்னால் அதை என் இடுப்பைச் சுற்றிக் கட்டிவிட்டார். "வயித்தைத் திறந்துகொண்டு ஆரும் வெளிக்கிடுவினமே?" எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சுவரில் சீனக் கடை நாட்காட்டி ஒன்று தொங்கியது. அதிலிருந்த பெண் கழுத்து இறுகப் பொத்தான் பூட்டியிருந்தாள். ஆனால் அவளுடைய நீண்ட அங்கி பக்கவாட்டில் தொடைவரை பிளந்திருந்தது. "அப்ப உது என்ன?" என்று கேட்டேன். அன்ரி கிட்டப் போய்ப் படத்தைப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். அன்றிலிருந்து மதியச் சாப்பாட்டுக்கு என் பக்கத்தில்தான் இருப்பார்.

அந்த நாட்காட்டி அங்கியின் கதையை அவர் பல மதியங்களில் துண்டு துண்டாகச் சொன்னார். அவருடைய அம்மா பள்ளி மாணவியாக இருந்த காலத்தில், சீனாவில் நீண்ட ஒற்றை அங்கி ஆண்களுக்கு உரியது. குடும்பப் பெண் மேலே ஒரு சட்டையும் கீழே பாவாடையும் உடுத்த வேண்டும். படித்த பெண்கள் துணிந்து அந்த ஆண் அங்கியைப் போடத் தொடங்கினார்கள். அன்ரியின் அம்மாவும் போட்டார். "சாக்கு மாதிரித் தொளதொளவெண்டு இருக்கும். உள்ளுக்குக் காற்சட்டை. ஒரு இடமும் தெரியாது. எண்டாலும் அம்மாவின்ர அப்பா அவவைச் சாப்பாட்டு மேசைக்கு வரவேண்டாம் எண்டிட்டார்." வருடங்கள் போக அங்கி ஒடுங்கியது, உள்ளே இருந்த காற்சட்டை போயிற்று, பக்கங்கள் பிளந்தன. அதற்குள் ஊர் அதை மரியாதையான உடுப்பாக்கிவிட்டது. மகளின் கலியாணத்துக்கு அதே அப்பாதான் பட்டில் ஓர் அங்கி தைப்பித்துக் கொடுத்தாராம்.

அன்ரி இளம்பெண்ணானபோது காலம் இன்னொரு முறை புரண்டது. பட்டு உடுத்தவர்களைப் புரட்சியின் எதிரிகள் என்று வீடு வீடாகத் தேடிய காலம் அது; அம்மாவின் கலியாண அங்கி வீட்டில் இருப்பதே ஆபத்து. யாராவது வந்து தேடுவதற்கு முன்னால் அம்மா தானே கத்தரிக்கோலை எடுத்தார். ஆனால் துணியை எறிய மனம் வரவில்லை. மகளின் நீலக் காற்சட்டைக்குள் அந்தப் பட்டை உள்துணியாக வைத்துத் தைத்தார், பூ தோலோடு படும்படி. "ரோட்டில எல்லாரும் நீலம். நானும் நீலம். உள்ளுக்கு மட்டும் பூ," என்பார் அன்ரி, தன் தொடையைத் தட்டிக்காட்டி. அதன் பிறகு அவர் காற்சட்டை தவிர வேறெதுவும் போட்டதில்லை.

நாங்கள் பழகிச் சில வருடங்களின் பின், ரொறன்ரோவுக்குப் பக்கத்து மார்க்கம் நகரில் அவருடைய ஒரே மகளுக்குக் கலியாணம். தை மாதக் குளிர். மணமக்கள் முழங்காலிட்டுப் பெற்றோருக்குத் தேநீர் கொடுப்பதுதான் அவர்களுக்கு முக்கியமான சடங்கு. நான் மண்டபத்துக்குள் போனபோது, மணமகள் கழிவறைக் கதவுக்கு வெளியே கண்மை கலைய நின்றாள். "அம்மா வெளியில வரமாட்டா எண்டு நிக்கிறா. அம்மம்மா தன்ர அங்கியைத் தானே வெட்டினவ. அப்பிடி ஒரு அங்கியை அம்மா ஒருநாளாவது போடவேணும் எண்டு நான்தான் தைப்பிச்சன். இப்ப பழைய கறுப்புக் கோட்டைக் கொண்டுவரட்டாம்."

உள்ளே போனேன். கருநீலப் பட்டு அங்கியில் அன்ரி அவ்வளவு அழகாக இருந்தார். ஆனால் இரண்டு கைகளாலும் பக்கப் பிளவுகளை இறுகப் பொத்திப் பிடித்திருந்தார். "நிக்கேக்கை பரவாயில்லை. தேத்தண்ணி வாங்கக் கதிரையில இருக்கவேணும். சம்பந்தி ஆக்கள் எல்லாம் முன்னுக்கு. இருந்தா முழுக்கத் தெரியும்."

"உங்கட அம்மா முதன்முதல் எப்பிடிப் போட்டவ?" என்று கேட்டேன்.

அன்ரி என்னைப் பார்த்தார். நான் என் சேலையைத் தூக்கி, குளிருக்காக உள்ளே போட்டிருந்த தொழிற்சாலைக் கறுப்புக் காற்சட்டையைக் காட்டினேன். அங்கேயே கழற்றிக் கொடுத்தேன். நாங்கள் சிரித்த சிரிப்பில் மணமகள் பயந்து கதவைத் தட்டினாள். பிறகு அன்ரி கதிரையில் நிமிர்ந்து இருந்தார், கைகளைப் பிளவில் வைக்காமல், இரண்டு கைகளாலும் கோப்பையை வாங்கினார். மகளின் முகத்தை அன்று பார்த்திருக்க வேண்டும். எனக்கோ, கார் நிறுத்துமிடத்துக் குளிரில் உயிர் போய் வந்தது. "என்னப்பா, இப்பிடி நடுங்கிறீர்?" என்று கேட்ட கணவரிடம் கார் ஹீற்றரைக் கூட்டச் சொன்னேன்.

அடுத்த வாரம் என் தையல் மெஷினில் ஒரு பை இருந்தது. உள்ளே இருந்தது என்னுடையது அல்ல, முதலில் சொன்ன இந்தப் புதுக் காற்சட்டை. "உன்ர பழசு எனக்கு வேணும். இது உனக்கு. இப்போதைக்குப் பூ உள்ளுக்கு," என்றார் அன்ரி. நான் பூவைத் தடவிப் பார்த்தேன், அவரைக் கட்டிப்பிடித்தேன், அவ்வளவுதான்.

அன்ரி காலமாகி இரண்டு வருடமாகிறது. போன வாரம் என் மகள் சிநேகிதியின் விருந்துக்குப் போக என் அலுமாரியைக் கிளறிக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்தில் அஜக்ஸ் நகரத்து எங்கள் வீட்டு மாடிப்படிகளில் சிவப்பாக எதுவோ இறங்கி வந்தது. அன்ரி தந்த காற்சட்டையை உள்பக்கம் வெளியே வரப் புறம் மாற்றிப் போட்டிருந்தாள். ஆக்கள் என்ன சொல்லுவினம் என்பது என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"அம்மா, இது ரிவேர்சிபிள்! ரெண்டு பக்கமும் போடலாம். யூ நெவர் நோட்டிஸ்ட்?"

இடுப்பில் அந்த உபரிப் பொத்தான் அளவெடுத்தாற்போலக் கண்ணியில் பூட்டியிருந்தது. குனிந்து பார்த்தேன். பட்டுப் பக்கத்தில் ஒரு பிசிர்கூட இல்லை. தையல் விளிம்புகளை எல்லாம் இரண்டு துணிகளுக்கும் நடுவே ஒளித்து வைத்திருந்தார் அன்ரி. தையல் வேலையிலேயே காலம் தள்ளிய எனக்கு இது தெரியவில்லை. அவர் இருந்திருந்தால் அந்தக் கணமே தொலைபேசியில் கூப்பிட்டு நல்ல பேச்சு வாங்கியிருப்பேன்.

"என்னம்மா, டூ மச்சா?" மகளின் முகம் கொஞ்சம் வாடிவிட்டது.

"இல்லை," என்றேன். "மேல நீளக் கோட்டு வேண்டாம், கட்டைக் கோட்டாப் போடு. பூ தெரியட்டும்."