பால்கோவாவுக்கு வந்த தூக்குச்சட்டிகள்

இந்த யுத்த காலத்தில் ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் தெருவின் தீயணைப்புத் தொண்டன் நான். ஒத்திகைக்கு வாளியோடு வரச்சொல்லி வீடு வீடாகக் கெஞ்சியும் ஈ காக்கைகூட வரவில்லை. வெறுத்துப்போய், வந்தால் பால்கோவா என்று தமுக்கடித்தேன். தெருவே வந்தது, தின்றது, போயிற்று. வாளி தூக்கியவன் நான் மட்டுமே.

மறுவாரம் என் மாட்டுக்கொட்டகைக் கூரையே பற்றிக்கொண்டது. பசு உள்ளே! தமுக்கடித்து, "தீ! தீ!" என்று அலறினேன். எல்லோரும் தூக்குச்சட்டியோடு ஓடிவந்தார்கள்.

"அண்ணாச்சி, இன்னைக்கு எம்புட்டுத் தருவிய?" என்றான் பக்கத்து வீட்டு மாடசாமி.

"ஏலே, நெசமாவே எரியுதுலே!"

அந்தச் சட்டிகளிலேயே கிணற்றுத் தண்ணீரை மொண்டு ஊற்றினார்கள். பாதிக் கூரை போனாலும் பசு பிழைத்தது.

இப்போதெல்லாம் ஒத்திகைக்கு நான் வாளி கேட்பதே இல்லை. பால்கோவாவுக்குப் பெரிய சட்டியாகக் கொண்டுவரச் சொல்கிறேன். தண்ணீர் ஊற்றி நனைந்த சட்டிக்குத்தான் பங்கு.