நெற்றியில் அறைந்தவனும் விசில் ஊதியவனும்

செவிலிமேட்டிலிருந்து வரும் டவுன் பஸ் எங்கள் கடை வாசலில் நின்றது. அங்கே நிறுத்தமே கிடையாது. கண்டக்டர் இறங்கி வந்து, புடவை மடித்துக்கொண்டிருந்த என்னிடம், "சார், மாணிக்கம் அண்ணன் பூட்டாரு. விடிகாலைல நெஞ்சு வலின்னாரு, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கினு போறதுக்குள்ள முடிஞ்சிபோச்சி" என்றார். சொல்லிவிட்டுக் காக்கிச் சட்டையின் கையில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பஸ்ஸில் இருந்தவர்களில் ஒருவர்கூட, நடுவழியில் ஏன் நிறுத்தினாய் என்று கேட்கவில்லை. நான் செத்தால் இந்த பஸ் நிற்குமா என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. அழுகை அதற்கப்புறம்தான் வந்தது.

இரங்கல் கூட்டத்தில் பேசுவதற்குப் பெரிய மனிதர்கள் நிறையப் பேர் இருக்கிறார்களாம். ஆகையால் நான் எழுதிக் கொடுத்தால் போதும், நினைவு மலரில் போட்டுவிடுகிறோம் என்று சடுகுடுக் கமிட்டியில் சொல்லிவிட்டார்கள். சரி, எழுதுகிறேன். மாணிக்கத்தை 'அவர்' என்று எழுத எனக்குக் கை வரவில்லை. எங்கள் இருவருக்கும் ஒரே வயது, ஒரே அணி. அவன் ஆடினான், நான் கொஞ்சநாள் ஆடிப் பார்த்துவிட்டு இது நமக்கு ஒத்துவராது என்று நடுவராகிவிட்டேன். அவன் ஐம்பதைத் தொடவில்லை. போவதிலும் என்னை முந்திக்கொண்டான்.

நம் ஊர்ச் சடுகுடுவில் அந்தக் காலத்தில் ஒரு வழக்கம் இருந்தது. ஆட்டம் தொடங்குமுன் இரண்டு அணியும் நடுக்கோட்டின் இருபுறமும் நின்று, பத்து விரலையும் விரித்து ஒருவருக்கொருவர் காட்டுவார்கள். கொண்டுவந்த விரல்கள் முழுசாக வீடு போய்ச் சேரும் என்பதற்கு அதுதான் உறுதி. ஆடுகிறவர்களில் பாதிப் பேர் தறிக்காரர்கள். ஒரு விரல் பிசகினால் தறியில் நாடா ஓடாது, நாடா ஓடாவிட்டால் உலை கொதிக்காது. அதனால் யாராவது யார் விரலையாவது முறுக்கினால், ஆட்டத்தை நிறுத்தி அவனை வெளியே அனுப்பிவிடுவார்கள். வயலில் வேலை செய்கிற செவிலிமேட்டுக்காரர்களும் ஐயம்பேட்டைக்காரர்களும்கூட அதற்குக் கட்டுப்பட்டார்கள்.

தலைக்கு மட்டும் அப்படி ஒரு கட்டுப்பாடும் இல்லை. பாடிக்கொண்டு போகிறவன் எதிராளியை எங்கே தொட்டாலும் தொட்டதுதான். மாணிக்கம் தொடுகிற இடம் நெற்றி. தொடுவது என்று மரியாதைக்குச் சொல்கிறேன். வாடகை சைக்கிள் கடையில் நாளெல்லாம் டயர் இழுத்து மாட்டுகிற கை அது. உள்ளங்கையை விரித்து நெற்றியில் ஓர் அறை விட்டால், பிடிக்க வந்தவன் பின்னால் சாய்ந்து மணலில் உட்கார்ந்துவிடுவான். அவன் கண்ணைத் திறப்பதற்குள் மாணிக்கம் கோட்டைத் தாண்டித் திரும்பியிருப்பான். அந்த அறையைப் பார்ப்பதற்கென்றே பாலாற்று மணலுக்கு வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். மற்ற ஊர் அணிகள் அவனைக் கூலிக்கு ஆடக் கூப்பிட்டன. பெண்கள்கூட வந்து நின்றார்கள். நான் விசிலோடு அதே மணலில்தான் நின்றேன். என் பக்கம் யாரும் பார்த்ததாக நினைவில்லை.

தலையில் அடித்தால் அடித்தவன் அவுட்டு என்று சட்டம் வேண்டும் என்பதை முதன்முதலில் கமிட்டியில் சொன்னவன் நான். இதை இங்கே அழுத்தமாகவே எழுதுகிறேன். அரிசி மில் முதலாளிதான் அப்போது தலைவர். "அப்புறம் இன்னாத்துக்குப்பா சடுகுடு? கோலாட்டம் வெச்சிக்கலாம்" என்றார். "விரலுக்கு ரூல் இருக்குது, தலைக்கு ஏன் இல்ல?" என்று கேட்டேன். பின்வரிசையிலிருந்து ஒருவர், "தலையால யாருப்பா தறி நெய்யறான்?" என்றார். கூட்டம் முழுக்கச் சிரித்தது. நான் ஆடிய காலத்தில் அடிக்குப் பயந்து ஓடிவந்தவன் என்று வேறு ஒருவர் ஞாபகப்படுத்தினார். மாணிக்கமும் அங்கேதான் இருந்தான். அவன் சிரித்தானா என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை.

அந்த வருஷப் பொங்கல் போட்டியின் அரையிறுதியில், பிள்ளையார்பாளையத்து அணியில் ஏகாம்பரம் என்று ஒரு தறிக்காரர் ஆடினார். ஒல்லியான மனிதர், பிடி மட்டும் இரும்பு. அவர் மாணிக்கத்தின் காலைக் குறிவைத்துக் குனிந்தார். அறை நெற்றிப்பொட்டில் விழுந்தது. வழக்கமாக உட்காருகிறவர்கள் எழுந்துவிடுவார்கள். இவர் எழவில்லை. கண் திறந்தே இருந்தது, பார்வை இல்லை. நான் விசிலை ஊதி, மாணிக்கம் அவுட்டு என்று கையைத் தூக்கினேன். அப்படி ஒரு சட்டமே இல்லை என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் ஊதினேன். ஈர மணலை உருட்டி உருட்டி என் மேல் அடித்தார்கள். தலைவர் கோட்டுக்குள்ளேயே வந்து என் தீர்ப்பை ரத்து செய்தார். மாணிக்கத்தின் அணி இறுதிக்குப் போய் ஜெயித்தது. நான் சட்டைப் பைக்குள் மணலோடு வீடு போனேன்.

ஏகாம்பரம் எங்கள் கடைக்குத்தான் நெய்துகொண்டிருந்தார். சில வாரம் கழித்து அவர் கொண்டுவந்த புடவையைப் பிரித்து மேசைமேல் போட்டதும் நான்தான். கரையில் ருத்திராட்ச வரிசை. ஒரு முழம் வரை சரியாக வந்தது. அதற்குமேல் ஓர் இடத்தில் இரண்டு ருத்திராட்சம் ஒட்டிக்கொண்டது, இன்னோர் இடத்தில் ஒன்று காணவில்லை, பிறகு கொஞ்ச தூரம் வெறும் கோடு. அவருக்கு அது கண்ணில் படவே இல்லை. சரியாகத்தானே இருக்கிறது என்று எங்களைப் பார்த்துக் கேட்டார். கடை முதலாளி புடவையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். கூட வந்திருந்த அவர் மனைவி, "அடிபட்டதுலர்ந்து எந்த இழை எப்ப தூக்கணும்னு மறந்து மறந்து பூடறாரு சார். ராத்திரியில தூக்கமும் இல்ல" என்றார். பத்து விரலும் முழுசாக மேசைமேல்தான் இருந்தன.

அந்தப் புடவையைக் கேட்டு வாங்கிக்கொண்டு நேரே சைக்கிள் கடைக்குப் போனேன். மாணிக்கத்தின் முன்னால் பெஞ்சில் விரித்துப் போட்டேன். "கை நல்லா இருக்குது மாணிக்கம். தலையாலதான் நெய்யறாங்க. பாத்துக்க" என்றேன். அவன் கையிலிருந்த கிரீஸைத் துடைத்துவிட்டு, துணியைத் தொடாமல் வெகுநேரம் பார்த்தான். அன்று சாயங்காலம் ஏகாம்பரத்தின் வீட்டுக்குப் போயிருக்கிறான். அதற்கப்புறமும் அவருக்குப் பழையபடி கரை ஓடும்வரை அடிக்கடி போய்வந்தான் என்று பிற்பாடு கேள்விப்பட்டேன். அங்கே போய் என்ன பேசினான் என்று என்னிடம் அவன் சொன்னதே இல்லை. அந்த வீட்டில் அவனை மாப்பிள்ளை மாதிரி வைத்திருந்தார்கள். புடவையின் பிசகைக் கண்டுபிடித்த எனக்கு அங்கே ஒரு வாய் தண்ணீர் குடித்த பழக்கம்கூட இல்லை.

அடுத்த பொங்கல் இறுதிப்போட்டியை நீங்கள் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்களும் பார்த்ததாகச் சொல்கிறீர்கள். ஆட்டம் சமமாக வந்து நின்றது. மாணிக்கம் பாடிக்கொண்டு போனான். பிடிக்க ஒருவன் பாய்ந்தான். பழகிய கை தானாக எழுந்து அவன் நெற்றியில் அறைந்துவிட்டது. அடிபட்டவனுக்கு ஒன்றும் ஆகவில்லை, எழுந்து மணலைத் தட்டிக்கொண்டான். திரும்பிவிட்டால் பாயிண்ட் நமக்கு, கோப்பை நமக்கு. மாணிக்கம் கோட்டைத் தாண்டி வரவில்லை. நின்ற இடத்திலேயே பாட்டை நிறுத்தினான். "தலையில பட்டுச்சி. நான் அவுட்டு" என்று சொல்லிவிட்டு, எதிரணியின் பக்கமாகவே மைதானத்தை விட்டு நடந்து போனான். நாங்கள் தோற்றோம். பிறகு தோற்கடித்த ஊர்க்காரர்களே அவனைத் தோளில் தூக்கிக்கொண்டார்கள்.

முந்தின வருஷம் நான் அதையே சொன்னதற்கு மணல். இந்த வருஷம் அவன் சொன்னதற்கு மாலை. அன்று சாயங்காலமே கமிட்டி கூடியது. கோலாட்டம் என்று கிண்டல் செய்த அதே தலைவர், கழுத்துக்கு மேலே கை பட்டால் பட்டவன் அல்ல, அடித்தவன் அவுட்டு என்று தம் வாயாலேயே சொன்னார். ஊர் அதற்கு மாணிக்கம் சட்டம் என்று பேர் வைத்தது. கூட்டம் முடிந்து வெளியே வந்ததும் அவனைப் பிடித்துக்கொண்டேன். "நான் சொன்னப்ப இவங்க காது எங்க போச்சி?" என்று கத்தினேன். அவன் என் தோளில் கை போட்டு, "நீ சொன்னா பயந்துக்கினு சொல்றேன்னுவாங்க. அடிக்கிறவன் சொன்னாதான் கேப்பாங்க. யாரு சொன்னா இன்னா எதிராஜு, இனிமே எவன் தலையும் ஒடயாது இல்ல?" என்றான். அவன் சொன்னது சரிதான். சரியாக இருந்ததுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

அவன் என் பேரை மறைத்திருந்தாலாவது திட்டித் தீர்த்திருப்பேன். அதற்கும் வழியில்லாமல் செய்தான். எந்த ஊரில் மேடையேற்றினாலும், "இது நான் கண்டுபிடிச்சது இல்லபா, எங்க எதிராஜு சொன்னது" என்று ஆரம்பிப்பான். உடனே கைதட்டல் எழும். எவ்வளவு அடக்கம் பார், பேரைக்கூடத் தனக்கு வைத்துக்கொள்ளாமல் கூட்டாளிக்குக் கொடுக்கிறார் பார் என்பார்கள். உண்மையைத்தான் சொன்னான், அதையும் அவனுடைய பெருந்தன்மையில் சேர்த்துக்கொண்டார்கள். ஒருமுறை திருப்பருத்திக்குன்றத்தில் என்னையும் மேடைக்கு இழுத்துவந்து பக்கத்தில் நிறுத்தினான். விழா முடிந்ததும் ஒருவர் என்னிடம் வந்து, அண்ணனின் செருப்பு எங்கே இருக்கிறது, எடுத்து வாருங்கள் என்றார்.

வீட்டிலும் எனக்கு நிம்மதி இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் தம் பையன் தலையில் குட்டினால் என் மனைவி ஜன்னல் வழியாகச் சொல்வாள்: "தலையில கை வெக்காதீங்க, மாணிக்கம் அண்ணன் சொல்லியிருக்காரு." அதே ஜன்னலுக்கு உள்ளேதான் நானும் இருந்தேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

ஆட்டத்தை விட்டபின் அவன் நடுவராகவும் ஆனான். சுற்றுப்பட்டு ஊர்களில் என்னைக் கூப்பிடுவது குறைந்தது. நடுவராக வந்த புதிதில் எல்லாரும் அவனிடம் ஒரே வாதத்தைத்தான் வைத்தார்கள்: வேண்டுமென்று அடிக்கவில்லை, ஓடுகிற வேகத்தில் பட்டுவிட்டது, அதற்கும் அவுட்டா? கேட்கவேண்டிய கேள்விதான். நானாக இருந்தால் அரை மணி நேரம் விளக்கியிருப்பேன். அவன், "வேணும்னு பட்டுச்சா தெரியாம பட்டுச்சான்னு அடி வாங்கின தலைக்கு இன்னா தெரியும்? போய் உக்காரு" என்பான். அவர்களும் போய் உட்காருவார்கள். இந்த வாக்கியத்தை நான் பலமுறை சொல்லிப் பார்த்திருக்கிறேன். எனக்கு ஒருவனும் உட்காரவில்லை.

அவனைப் பாலாற்றங்கரைக்கு எடுத்துப் போனபோது, அவனிடம் நெற்றியில் அறை வாங்கினவர்களே பாதிப் பேர் முறைபோட்டுத் தோள் கொடுத்தார்கள். எனக்கு இடம் கிடைக்கவில்லை, பின்னால் நடந்தேன். ஏகாம்பரம்தான் எல்லாரையும்விட அதிகமாக அழுதார். எரியூட்டித் திரும்புகையில் என் பக்கத்தில் வந்தார். "எனுக்கோசரம் மொதல்ல விசில் ஊதினது நீங்கதான்னு அண்ணன் வரும்போதெல்லாம் சொல்லுவாரு சார். ஒங்களப் பெரிசு பண்றதுக்குச் சொல்றாருன்னு நெனச்சிக்கினு இருந்தேன். அன்னிக்கு நடந்தது ஒண்ணும் எனுக்கு நெனப்பு இல்ல. நெசமா சார்?" என்றார்.

நெசம்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். யாருக்காக ஊதினேனோ அவருக்கு அந்த நாளே நினைவில்லை. மணல் அடித்தவர்கள் அதை எப்போதோ மறந்துவிட்டார்கள். நான் ஊதியதை நான் சொல்லாமலே ஊர் ஊராகப் போய்ச் சொல்லிக்கொண்டிருந்தவன் ஒருவன்தான், அவன் சற்றுமுன் மணலில் எரிந்துகொண்டிருந்தான். இனி நானே சொன்னால் செத்தவன் சொத்தில் பங்கு கேட்பது மாதிரி இருக்கும். "அவன்தாங்க எல்லாம் பண்ணான்" என்று ஏகாம்பரத்திடம் சொல்லிவிட்டு நடந்தேன்.

நடந்துகொண்டே யோசித்தேன். நான் சொன்னேன், அவன் அதற்காகத் தோற்றான். கையில் வந்த கோப்பையை விட்டுவிட்டு நடந்து போவது என்னால் ஆகிற காரியமா என்று என்னையே கேட்டுக்கொண்டேன். ஆகாது. அதனால் சட்டம் அவன் பேரிலேயே இருக்கட்டும். மனப்பூர்வமாகச் சொல்கிறேனா என்று கேட்காதீர்கள்.

அவனிடமிருந்து நான் எதை வைத்துக்கொள்கிறேன் என்று இந்த மாதிரிக் கட்டுரையின் முடிவில் எழுத வேண்டுமாம். நல்ல குணங்களையெல்லாம் நீங்கள் மேடையில் பங்கு போட்டுக்கொள்வீர்கள். என்னிடம் இருப்பது இந்தப் பொறாமை. அவன் உயிரோடு இருந்தவரை இதை எப்போது இறக்கி வைப்போம் என்று இருந்தது. நேற்று காலை கடை திறக்கும்போது அது இன்னும் நெஞ்சில் இருக்கிறதா என்று தேடிப் பார்த்தேன். இருந்தது. அப்பாடா என்றிருந்தது எனக்கு.