புற்றுக்கு அடுத்த அறை

இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து வீட்டைப் பார்க்க ஆள் வரும் என்று தகவல் வந்ததும், என் கணவர் முதல் வேலையாக வாசல் கேட்டுக்குப் பெயின்ட் அடித்தார். பெண் பார்க்க வருகிறவர்களுக்குச் செய்வது போல ஒட்டடை அடித்து, ஜன்னல் திரைகளைத் துவைத்து மாட்டி, சமையலறை எண்ணெய்ப் பிசுக்கையெல்லாம் சுரண்டினார். போலீஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். எதைத் தொட்டாலும் பந்தோபஸ்து டியூட்டி மாதிரிதான் செய்வார். போன மழையில் எங்கள் மடவார் வளாகத் தெருவிலேயே ஒரு வீட்டுச் சுவர் இடிந்து விழுந்ததிலிருந்து அவருக்கு இந்த யோசனை. நம்முடையதும் பழைய காரை மச்சு, மர விட்டம், இன்சூரன்ஸ் போட்டுவிட்டால் நிம்மதியாகத் தூங்கலாம் என்றார். எனக்கு அப்போது தூக்கத்துக்கு ஒரு குறையும் இல்லை.

என் மகள் நிறைமாதமாக வீட்டில் இருந்தாள். ராஜபாளையத்தில் கட்டிக்கொடுத்த பெண். ஆறு வருஷம் பிள்ளை இல்லை. மதுரை டாக்டர்களிடம் அலைந்தோம், மாத்திரை, ஊசி, ஸ்கேன் என்று அவள் உடம்பு ஓய்ந்து போனது. எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும் யாராவது ஒருத்தி அவள் வயிற்றைப் பார்த்துவிட்டுத்தான் முகத்தைப் பார்ப்பாள். அதற்குப் பயந்தே அவள் போவதை நிறுத்தினாள்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் வீட்டுக் கொல்லையில், சுவரை ஒட்டி ஒரு புற்று எழும்பியது. நான் விழுந்து கும்பிட்டேன். வெள்ளிதோறும் பால் ஊற்றினேன், முட்டை வைத்தேன், மஞ்சள் தெளித்தேன். மகள் வரும்போதெல்லாம் அவளையும் சுற்றிவரச் சொன்னேன். அடுத்த வருஷமே அவளுக்கு நாள் தள்ளிப்போனது. மாத்திரை கேட்டதா, நாகம்மா கொடுத்தாளா என்று யாராவது என்னைக் கேட்டிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன்.

அதனால் வளைகாப்பு முடிந்து அவளைக் கூட்டிவந்ததும், புற்றுக்கு அடுத்த அறையில்தான் கட்டிலைப் போட்டேன். நடுவில் ஒரு சுவர்தான். நாகம்மா பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்வாள் என்று நினைத்தேன். கொஞ்ச நாளில் அந்தச் சுவரின் உள்பக்கமும் தரையிலிருந்து ஒரு மண் கோடு கிளம்பி, விரல் தடிமனில் மச்சு வரைக்கும் ஏறியது. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. வெளியே இருந்தவள் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டாள் என்று மகளிடம் சொன்னேன். அந்தக் கோடு நெடுக மஞ்சளும் குங்குமமும் வைத்தோம். காலையில் அவள் படுக்கையில் மெல்லிய தூள் உதிர்ந்து கிடக்கும். காரை உதிர்கிறது என்று விரிப்பை உதறிப் போடுவேன்.

பார்க்க வந்தது ஒரு பெண். ஐப்பசித் தூறலில் ராஜபாளையத்திலிருந்து ஸ்கூட்டரில், மழைக்கோட்டோடு வந்தாள். முப்பது, முப்பத்திரண்டு வயது இருக்கும். என் கணவர் ஃபைலை நீட்டினார். அவள் அதை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு மேலே அண்ணாந்து பார்த்தாள். மெயின் பெட்டியைத் திறந்து பார்த்தாள், மொட்டை மாடிக்கு ஏறித் தண்ணீர் எங்கே தேங்குகிறது என்று பார்த்தாள், எல்லாவற்றையும் போட்டோ எடுத்தாள். பிறகு எங்கள் ஒட்டடைக் கம்பையே கேட்டு வாங்கி, ஒவ்வொரு அறையிலும் விட்டத்தைத் தட்டிக்கொண்டே வந்தாள். கூடத்து விட்டம் நல்ல வைரம் பாய்ந்த கட்டையாகச் சத்தம் கொடுத்தது. என் கணவர் மீசையைத் தடவிக்கொண்டார்.

மகளின் அறையில் தட்டியபோது சத்தம் வேறாக இருந்தது. அழுகின தேங்காயைத் தட்டினால் வருமே, அது மாதிரி. அவள் மறுபடியும் தட்டினாள். பிறகு ஸ்டூல் கேட்டாள். ஏறி நின்று, பையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரால் விட்டத்தைக் குத்தினாள். அது பிடி வரைக்கும் உள்ளே போனது. எந்தச் சத்தமும் இல்லை. தவிட்டு நிறத்தில் தூள் அவள் முகத்தில் கொட்டியது. அதைத் துடைக்காமல் கீழே கட்டிலில் உட்கார்ந்திருந்த என் மகளின் வயிற்றைப் பார்த்தாள்.

"இந்த ரூம்ல யாரும்மா படுக்காக?" என்று என்னைக் கேட்டாள்.

நான்தான் என்று மகள் சொன்னாள். அந்தப் பெண் இறங்கி, வீட்டுக்குப் பின்பக்கம் பார்க்க வேண்டும் என்றாள்.

கொல்லையில் புற்றைப் பார்த்ததும் அவள் செருப்பைக் கழற்றினாள். புற்று மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்ட பிறகே போட்டோ எடுத்தாள். எங்கள் இருவரையும் சமையலறைக்குள் கூப்பிட்டு, மகள் காதில் விழாமல் பேசினாள்.

"தப்பா நெனைக்காதீங்கம்மா. வெளிய இருக்க புத்தும் உள்ள ஏறியிருக்க மண்ணும் ஒண்ணுதான். கரையான் அந்த விட்டத்த பூரா தின்னுருச்சு. இன்சூரன்ஸ் கெடக்கட்டும். இன்னைக்கே பிள்ளைய அந்த ரூம விட்டு மாத்திருங்க."

எத்தனை நாள் தாங்கும் என்று என் கணவர் கேட்டார். அதை யாராலும் சொல்ல முடியாது, மேலே காரை மழையில் ஊறினால் பாரம் கூடும் என்றாள். கரையான் அரித்ததற்கு எந்த பாலிசியிலும் பணம் வராது, புற்றை எடுத்து, மருந்து அடித்து, விட்டத்தை மாற்றிய பிறகு கூப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள். கொடுத்த காப்பியைக் குடிக்கவில்லை.

கூடத்துக்கு மாறு என்று நான் சொன்னதும் மகள் மாட்டேன் என்றாள். சொன்ன காரணத்தைக் கேட்டு அவள் பயப்படவே இல்லை. அவள் பயம் வேறாக இருந்தது.

"ஆறு வருஷம்மா. குடுத்தவளே என் தலையில போடுவாளா? எடத்த மாத்துனாத்தான் அவளுக்குக் கோவம் வரும்."

எல்லாம் நான் சொல்லிக்கொடுத்தது. ஒரு வார்த்தை மாறாமல் என்னிடமே திருப்பிச் சொன்னாள். அதட்டிப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன், கையைப் பிடித்து இழுத்தேன். நிறைமாதக்காரியை எவ்வளவு இழுக்க முடியும்? அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். மாப்பிள்ளைக்குப் போன் போட்டோம். அவர் சொல்லியும் கேட்கவில்லை.

கொத்தனாரைக் கூப்பிட்டோம். புற்றையும் மகளையும் பார்த்துவிட்டு, நிறைமாதப் பெண் இருக்கிற வீட்டில் ஆணிகூட அடிக்கமாட்டேன், பிள்ளை பிறந்ததும் சொல்லி அனுப்புங்கள் என்றார். முட்டுக் கொடுக்கவாவது வாருங்கள் என்றதற்கு, அதுவும் வீட்டு வேலைதானே என்று கிளம்பிவிட்டார். நான் என் கணவரைப் பார்த்தேன். கலவரத்தில் கல்லடி பட்ட தழும்பை வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுகிற மனுஷன். புற்று என்றதும் பூனையாகிவிட்டார்.

"அதுல நான் கை வைக்க மாட்டேன்" என்றார். "பிள்ளைக்கு ஒண்ணு ஆனா ஆயுசுக்கும் தாங்க முடியாது."

அதுவும் சரிதான். அந்த நாட்களில் நான் பட்ட பயத்தை இன்னதென்று சொல்லத் தெரியவில்லை. புற்றை விட்டால் மச்சு விழும். புற்றைத் தொட்டால் சாபம் விழும். இரண்டும் அதே வயிற்றின் மேல்தான். மழை விடவில்லை. நான் அந்த அறையின் வாசலிலேயே உட்கார்ந்து காய் நறுக்கினேன், அரிசி புடைத்தேன். சுவரில் காதை வைத்தால் உள்ளே பொரிகிற மாதிரி ஒரு சத்தம் இடைவிடாமல் கேட்டது. அவள் இருமினால் மேலே பார்ப்பேன். தெருவில் லாரி போனால் மேலே பார்ப்பேன்.

ஒரு மத்தியானம் மழை கொட்டியது. மகள் குளியலறைக்குப் போயிருந்தாள். உள்ளங்கை அகலக் காரைப் பெயர்ப்பு ஒன்று அவள் தலையணையில் வந்து விழுந்தது. பெரிய சத்தம்கூட இல்லை. திரும்பி வந்தவள் அதைக் கையால் தள்ளிவிட்டு, அதே தலையணையில் தலை வைத்துப் படுத்தாள்.

நான் எழுந்து போய் மாடிப்படிக்கு அடியிலிருந்த கடப்பாரையை எடுத்தேன். என் கணவர் கொல்லைக் கதவு வரைக்கும் பின்னால் வந்தார். தடுக்கவும் இல்லை, கூட வரவும் இல்லை. மழையில் புற்றின் மேல் வைத்திருந்த குங்குமம் கரைந்து ஓடிக்கொண்டிருந்தது.

"தாயே, பிள்ளைங்கள விட்டுரு. இது அவ செய்யல. எது செய்யணும்னாலும் என்னைய செய்" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு ஓங்கிக் குத்தினேன்.

ஒவ்வொரு குத்துக்கும் காலடியைப் பார்த்தேன். பாம்பு வந்திருந்தால் ஓடியிருக்கமாட்டேன். கொத்திவிட்டுப் போகட்டும், அதோடு தீரட்டும் என்றுதான் நின்றேன். வரவில்லை. உள்ளே தேன்கூடு மாதிரி அறை அறையாக இருந்தது. வெள்ளையாகப் புழுப்புழுவென்று கரையான் கொட்டியது. மழைத் தண்ணீர் அதற்குள் இறங்கியது.

நிமிர்ந்தபோது மகள் கொல்லை வாசலில் நின்றிருந்தாள். நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு இடிந்த புற்றைப் பார்த்தாள்.

"என்னம்மா பண்ணிட்ட" என்றாள். சத்தம் போடவில்லை.

உள்ளே போய்த் தலையணையை எடுத்துக்கொண்டு கூடத்தில் வந்து படுத்தாள். இனி அந்த அறையில் யாருக்காக இருப்பாள்? எனக்கு வேண்டியதும் அதுதான். ஆனால் வலி எடுக்கிற வரைக்கும் அவள் என்னிடம் பேசவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் நர்ஸ் கதவைத் திறக்கிற ஒவ்வொரு தடவையும் எனக்கு உயிர் போய் வந்தது. பெண் குழந்தை. அழுகைச் சத்தம் கேட்ட பிறகும் நம்பாமல், கையில் வாங்கி விரல்களையெல்லாம் எண்ணிப் பார்த்தேன்.

பிறகு கொத்தனார் வந்தார். விட்டத்தை இறக்கக் கயிறு, ஆள் எல்லாம் கொண்டுவந்திருந்தார். எதற்கும் வேலை இல்லை. கை வைத்ததும் கட்டை பொலபொலவென்று உதிர்ந்து, காரை மொத்தமும் கட்டில் கிடந்த இடத்தில் இறங்கியது. தூசி அடங்கியதும் அவர் கேட்டார்: "இம்புட்டு நாளு இது எதுலம்மா நின்னுச்சு?"

நான் மகளைப் பார்த்தேன். இப்போதாவது புரிந்திருக்கும் என்று நினைத்தேன். அவள் குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு அந்தக் குவியலையே பார்த்தாள்.

"அவதான் தாங்கிப் பிடிச்சிருக்கா. அவளத்தான் நீ இடிச்சிட்ட" என்றாள்.

இல்லை என்று நிரூபிக்க என்னிடம் என்ன இருக்கிறது? விட்டம் மாற்றி, மருந்தும் அடித்தாயிற்று. அந்தப் பெண் மறுபடி வந்து பார்த்து, பாலிசியும் வந்துவிட்டது. என் கணவர் நன்றாகத் தூங்குகிறார்.

புற்றை இடித்த வீட்டில் பிறக்கிற பிள்ளைக்குத் தோல் பாம்புச் செதிலாக வெடிக்கும் என்பார்கள். தினமும் குழந்தையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டும்போது கழுத்து மடிப்பு, அக்குள், தொடையிடுக்கு எல்லாம் விரித்துப் பார்க்கிறேன். நேற்று முழங்காலுக்குப் பின்னால் சின்னதாகச் சொரசொரவென்று இருந்தது. வேர்க்குருதான். எனக்குத் தெரியும். மகள் பார்ப்பதற்குள் துண்டைச் சுற்றிவிட்டேன்.