ஐந்தாவது வரி

எங்கள் குடும்பத்தில் ஒரு கல்யாணம் நின்றுபோனதற்கு நான்தான் காரணம் என்று இன்றைக்கும் சொல்வார்கள். அப்போது எனக்கு ஒன்பது வயது. ஒன்பது வயதுப் பிள்ளை எப்படிக் கல்யாணத்தை நிறுத்தும் என்று கேட்காதீர்கள். ஓர் எண்ணும் ஓர் எழுத்தும் போதும்.

அத்தை, அப்பாவின் ஒரே தங்கை, பள்ளத்தூரிலிருந்து தினமும் பஸ் ஏறிக் காரைக்குடியில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்துக்கு வேலைக்குப் போய்வந்தாள். எழுபதுகளின் கடைசி அது. விவசாயக் குடும்பத்துப் பெண் அவ்வளவு படித்ததே அதிகம் என்று ஊர் பேசிக்கொண்டிருந்த நேரத்தில் சிவகங்கையிலிருந்து நல்ல இடம் வந்தது. ஒரே நிபந்தனை, பெண் வேலையை விட்டுவிட வேண்டும். அத்தை இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தாள். அப்பாதான் சமாதானம் செய்துவைத்தார். கையிலிருக்கும் ஆராய்ச்சி அறிக்கையை முடித்துக் கொடுக்கட்டும், முடித்த கையோடு வேலையை விடட்டும், தையில் கல்யாணம். அத்தை தலையாட்டினாள்.

அறிக்கை ஏறக்குறைய முடிந்துவிட்டிருந்த ஒரு சனிக்கிழமை, கம்ப்யூட்டர் பார்க்க வேண்டும் என்று நான் அழுத அழுகை தாங்காமல் என்னையும் கூட்டிக்கொண்டு போனாள்.

எனக்குப் பெருத்த ஏமாற்றம். குளுகுளுவென்ற அறையில் டைப்ரைட்டர் மாதிரி ஒன்று. அதிலிருந்து காகிதச் சுருள் தொங்கிக்கொண்டிருந்தது. அறிக்கை எங்கே என்றால், உள்ளே இருக்கிறது என்றாள். முழுசாகப் பார்க்க முடியாது. ஒவ்வொரு வரிக்கும் ஓர் எண் உண்டு. எண்ணைச் சொல்லி, என்ன செய்ய வேண்டும் என்பதற்கு ஓர் எழுத்தைத் தட்டினால் அது செய்யும். p என்றால் அந்த வரியை அச்சடித்துக் காட்டும். d என்றால் அழித்துவிடும்.

“அஞ்சாவது வரி ரெண்டு தடவை விழுந்திருச்சு. அஞ்சைத் தட்டி, d தட்டி, இந்தப் பெரிய பட்டனை அமுக்கு. நீயே அடி ஆத்தா,” என்று என்னை நாற்காலியில் உட்காரவைத்தாள்.

அந்த நேரம் பார்த்து வாட்ச்மேன் எட்டிப்பார்த்தார். “அம்மா, ஒங்க அண்ணன் போன்ல இருக்காக.” அத்தை எழுந்து போனாள்.

நான் 5d என்று அடித்துப் பட்டனை அமுக்கினேன். மிஷின் வாயே திறக்கவில்லை. சரி, ஆச்சு, ஆகவில்லை, எதுவும் கிடையாது. எங்கள் வீட்டில் யாரும் ஒரு தடவை கூப்பிட்டதற்குப் பதில் சொன்னதாகச் சரித்திரமே இல்லை. “அம்மா” என்று நான்காவது தடவை கத்தினால்தான் அடுப்படியிலிருந்து “என்னடி” என்று வரும். பதில் வரவில்லை என்றால் காதில் விழவில்லை என்றுதான் எனக்கு அர்த்தம். மறுபடி அடித்தேன். மறுபடியும். மாடுகூட நாலு தடவை கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கும். இதற்கு என்ன திமிர்! எனக்கும் வீம்பு வந்துவிட்டது. விரல் வலிக்க வலிக்க அடித்தேன். காகிதம் தரையில் போய்க் குவிந்தது.

எவ்வளவு நேரமோ தெரியாது. திடீரென்று அது ஒரே ஒரு கேள்விக்குறியை அடித்தது. ஒரு வழியாகக் காது கேட்டு, “என்ன வேணும்?” என்கிறது என்று பெருமையாக உட்கார்ந்திருந்தேன்.

அத்தை கண்கள் சிவக்கத் திரும்பிவந்தாள். “புதன்கிழமை நிச்சயமாம். பூ வைக்க வாராகளாம்,” என்றாள் சுவரைப் பார்த்து. பிறகுதான் காகிதத்தைக் கவனித்தாள். 5d, 5d, 5d என்று கீழே கீழே போய்க்கொண்டே இருந்தது. அவள் விரல் அதன் மேல் நகர நகர, முகத்தில் ரத்தமே இல்லை.

“எத்தனை தடவைடி அடிச்ச?”

“அது பேசவே இல்ல அத்தை…”

“சொன்னதைச் செஞ்சா அது பேசாதுடி! ரேஷன் கடை வரிசை மாதிரி, அஞ்சாவது ஆள் போனா ஆறாவது ஆளு அந்த எடத்துக்கு வந்து நிப்பாகள்ல?”

எனக்குப் புரிந்துவிட்டது. மிச்சத்தை அச்சடிக்கச் சொல்லி அவளே மிஷினில் தட்டினாள். நாலே வரி வந்தது. தலைப்பு இரண்டு வரி, அவள் பெயர், தேதி. அய்யய்யோ என்று நான் போட்ட சத்தத்தில் வாட்ச்மேன் ஓடிவந்தார்.

அத்தை அழவில்லை. அந்த நாலு வரியையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு q என்று ஒரு தட்டு. மிஷின் கேள்விக்குறி போட்டது. மறுபடியும் q தட்டினாள். காகிதத்தைக் கிழித்து மடித்துக்கொண்டு, “வா, வீட்டுக்குப் போவோம்,” என்றாள்.

“எட்டு மாசமா எடுத்த அளவெல்லாம் அந்த அறிக்கையிலதான் இருந்துச்சு, அத்தனையும் போச்சுண்ணே. மறுபடி மொதல்லேருந்து எடுக்கணும். முடிக்காம ஆபீஸ்ல விட மாட்டாக,” என்று அத்தை சொன்னபோது அப்பா உட்கார இடம் தெரியாமல் நின்றார். அந்தக் காகிதத்தை வாங்கி, புரியாத எழுத்தை வரிவரியாகப் பார்த்தார். “எம்புட்டுத் தடவை அடிச்சிருக்கா பாவி மக!” அம்மா என் முதுகில் வைத்தாள் ஒன்று. இரண்டாவது விழுவதற்குள் அத்தை குறுக்கே பாய்ந்து என்னைக் கட்டிக்கொண்டாள். “புள்ளைய அடிக்காதீக மதினி. தப்பு என் மேலதான்.”

மாப்பிள்ளை வீட்டார் காத்திருக்கவில்லை. தையில் அவருக்குக் கல்யாணம் நடந்தது, வேறு பெண்ணோடு. எனக்குக் கல்யாணத்தைக் கலைத்தவள் என்ற பட்டம் நிலைத்தது. அத்தை அதே இடத்தில் வேலையில் நீடித்தாள். பிறகு வந்த வரன்களையெல்லாம் தட்டிக்கழித்தாள். மன்னிப்புக் கேட்க வாயெடுக்கும்போதெல்லாம் என் வாயில் மைசூர்பாகைத் திணித்து, “போய்ப் படி,” என்பாள். எவ்வளவு நல்ல மனசு என்று எனக்கு அழுகை வரும். அப்பா வீசியெறிந்த காகிதத்தை எடுத்து என் டிரங்குப்பெட்டி அடியில் வைத்திருந்தேன், பாவத்துக்குச் சாட்சியாக.

பத்துப் பன்னிரண்டு வருஷம் கழித்து, எனக்கும் கம்ப்யூட்டர் வேலை கிடைத்தது. முதல் வாரமே ஒரு பழைய மிஷினில் உட்காரவைத்தார்கள். எண்ணும் எழுத்தும் தட்டுகிற அதே முறை. நான் d பக்கமே போகாததைப் பார்த்து, பக்கத்து இருக்கைக்காரி சிரித்தாள்.

“எதுக்குப் பயப்படுறே? நீ அழிக்கிறது நகல்லதான். w அடிச்சாத்தான் அசலுக்குப் போய்ச் சேரும். தப்பாப் போச்சுன்னா w அடிக்காம q அடிச்சு வெளியே வந்துடு. ‘நெசமாவா?’ன்னு ஒரு கேள்விக்குறி போடும். இன்னொரு q. பழசு பத்திரமா அப்படியே இருக்கும்.”

அந்த வாரமே ஊருக்குப் போய்ப் பெட்டியைக் கவிழ்த்தேன். காகிதம் பழுப்பேறியிருந்தது. நூற்றுக்கணக்கில் என் 5d. ஒரு கேள்விக்குறி. நாலு வரி. கடைசியில் q, கேள்விக்குறி, q. மேலிருந்து கீழ்வரை மூன்று தடவை தேடினேன். எங்கேயும் w இல்லை.

அடிப்பாவி அத்தை! அத்தனை வருஷம் நான் சுமந்த பழி! ஆனால் அம்மாவின் கைக்கும் என் முதுகுக்கும் நடுவே பாய்ந்து ‘தப்பு என் மேலதான்’ என்று அவள் சொன்னதுதான் காதில் விழுந்தது. என்னைக் காப்பாற்றச் சொன்ன பொய் என்று நான் நினைத்திருந்தேன். அன்றைக்கு அந்த வீட்டில் அவள் சொன்னதில் அது ஒன்றுதான் உண்மை.