துரைக்குத் துணை தேடிய காலம்

போன வாரம் மழைக்கு ஒதுங்கப் போய், எங்கள் தெருமுனையில் புதிதாகத் திறந்திருக்கும் மீன் கடைக்குள் நுழைந்துவிட்டேன். குழம்புக்கான மீன் இல்லை. தொட்டியில் விட்டுப் பார்த்துக்கொண்டே இருக்கிற மீன். அலமாரி முழுக்கப் பிளாஸ்டிக் டம்ளர்கள், டம்ளருக்கு ஒரு ஃபைட்டர் மீன், இரண்டு டம்ளருக்கு நடுவில் ஓர் அட்டைத் துண்டு. கடைக்காரர் துடைப்பதற்காக ஓர் அட்டையை உருவினார். அவ்வளவுதான். அதுவரை சாமியார்கள் மாதிரி அசையாமல் நின்ற இரண்டு பேரும் செவுளை விரித்து, வாலைப் பரப்பி, ஒருவர் மேல் ஒருவர் பாயத் தயாரானார்கள். குடியிருப்போர் சங்கக் கூட்டங்களுக்குத் தவறாமல் போய் வருகிறவன் என்பதால் எனக்கு இது புதிய காட்சி இல்லை.

என்னைப் பிடித்து நிறுத்தியது வாசனைதான். பாசித் தண்ணீரும் மீன் தீனியும் கலந்த வாசனை. அதில் கொஞ்சம் அந்துருண்டையைச் சேர்த்தால் ஏற்காடு வந்துவிடும். ஜமீலாக்காவின் ஸ்வெட்டர் கடை வந்துவிடும்.

அப்போது நான் ஏற்காட்டில் ஒரு லாட்ஜில் வரவேற்பாளர். அப்படித்தான் போர்டு சொன்னது. வெந்நீர் எப்போது வரும் என்று கேட்கிறவர்களிடம் சிரித்த முகத்தோடு பொய் சொல்வதுதான் என் உண்மையான உத்தியோகம். குடியிருந்தது ஜமீலாக்காவின் மாடியறையில். முன்னால் கடை, பின்னால் வீடு, மேலே நான். மலை குளிரும் என்பதை நம்பாமல் வருகிறவர்களை நம்பி அக்கா கடை நடத்திக்கொண்டிருந்தார். பேரம் பேசினால் பிடிக்காது. "போயிட்டு வாங்க, ஏரியச் சுத்திட்டு வந்தா வெல சரியாத் தெரியும்" என்பார். அவர்களும் சுற்றிவிட்டு, பல் தந்தியடிக்கத் திரும்பி வந்து, சொன்ன விலைக்கு வாங்கிப் போவார்கள்.

அக்காவின் கணவர் இறந்து வெகுகாலம் ஆகியிருந்தது. ஒரே மகள் சபீனாவைச் சேலத்தில் கட்டிக்கொடுத்திருந்தார். போகும்போது சபீனா, தான் வளர்த்த ஃபைட்டர் மீனை அம்மாவிடம் விட்டுப் போனாள். கரு நீலம், வாலில் சிவப்பு. கல்லாவுக்குப் பக்கத்தில் தொட்டி. தொட்டிக்கு மேல் குளிருக்காக எப்போதும் எரியும் ஒரு குண்டு பல்பு. தலையை நிமிர்த்திக்கொண்டு, எஸ்டேட்டைச் சுற்றிப் பார்க்கும் முதலாளி போல அது நீந்துகிற தோரணையைப் பார்த்து அக்கா வைத்த பெயர் தொரை. நாங்கள் எல்லோரும் மரியாதையாகத் துரை என்றே கூப்பிட்டோம். கரண்டு போனால் பஜாரில் மற்றவர்கள் மெழுகுவர்த்தி தேடுவார்கள். அக்கா கம்பளிச் சால்வையை எடுத்துத் தொட்டியைச் சுற்றுவார்.

அக்காவுக்கு மூச்சிழுப்பு உண்டு. பனிமூட்டம் இறங்குகிற மாதங்களில் மாடிவரை கேட்கும். இன்னொரு குளிர்காலத்தை மலையில் கழிக்கவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். சபீனா தினமும் போன் செய்தாள். அக்காவின் பதில் மாறவில்லை. "உங்க மாமியாளும் நானும் ஒரே ஊட்டுலயா? போன பெருநாளைக்கே பாத்தீல்ல." பார்த்தது சபீனா மட்டுமல்ல. விருந்துக்குப் போன அக்கா, தட்டுக் கழுவும் முன்னே சம்பந்தியம்மாளோடு சண்டை பிடித்துக்கொண்டு அடுத்த பஸ்ஸில் ஏறி வந்த கதை பஜாருக்கே தெரியும்.

ஒருநாள் நான் கடையில் இருக்கும்போதே போனில் வாக்குவாதம் முற்றியது. அக்கா தொட்டியைப் பார்த்துக்கொண்டே கத்தினார். "எனக்கும் இந்தத் தொரைக்கும் ஒரே சுபாவம். இவன் எவங்கூடயாவது ஒரு மாசம் அடிதடி இல்லாம இருக்கட்டும். அப்பறம் நான் வர்றேன். அல்லா மேல ஆணை!"

சபீனா உடனே என் போனுக்கு அடித்து என்னைத் தனியாகப் பிடித்தாள். "ஏனுங்கண்ணா, நீங்கதான் பாக்கோணும். எப்படியாவது தொரைகூட ஒரு ஆளச் சேத்து வையுங்க. அம்மாவுக்கு இந்தக் குளிரு தாங்காதுங்கண்ணா."

என் நிலைமையையும் கொஞ்சம் யோசியுங்கள். அக்கா போய்விட்டால், லாட்ஜிலிருந்து பசியோடு திரும்புகிறவனுக்கு வாசற்படியில் மூடி வைத்த கிண்ணம் இருக்காது. இருந்தும் ஒத்துக்கொண்டேன். இழுப்புச் சத்தத்தைக் கேட்டபடி தூங்குவது, அந்தக் கிண்ணம் இல்லாமல் போவதை விடக் கஷ்டம்.

முதல் யோசனை பக்கத்து டீக்கடை மணியண்ணனுடையது. பஜாரே ஆமோதித்தது. "ஒண்டிக்கட்டையா இருந்தா எவனுக்கும் கோவம்தான் வரும். ஒரு கல்யாணத்தப் பண்ணி வையுங்கக்கா, சரியாப் போயிரும்." நம் ஊரில் எந்த ஆணின் எந்தக் கோளாறுக்கும் கொடுக்கப்படும் மருந்து இது. நான் சேலத்துக்கு இறங்கி, மீன் கடையில் ஒரு பெண் ஃபைட்டரைப் பார்த்துப் பிடித்து, பாலிதீன் கவரில் வாங்கினேன். மலையேற ஏறத் தண்ணீர் குளிர்ந்துவிடுமே என்று கவரை ஒரு மங்கி குல்லாவுக்குள் நுழைத்து, சட்டைக்குள் அணைத்துக்கொண்டு, கொண்டை ஊசி வளைவுகளில் ஆடாமல் கொண்டுவந்தேன். கண்டக்டர், "கொழந்தைக்கு டிக்கெட் எடுக்கலீங்களா?" என்றார்.

துரை கொஞ்ச நேரம் வாலை விரித்து ஆடிக் காட்டினார். மணியண்ணன் எல்லோருக்கும் டீ கொடுத்தார். டீ ஆறுவதற்குள் பெண் கல்லுக்குப் பின்னால் பதுங்கியிருந்தது, துடுப்பு கிழிந்து. "எடு கண்ணு அவள! கட்டுன அன்னைக்கே இப்பிடிப் போட்டு வெரட்டறானே" என்று அக்கா பதறி, தானே கையை விட்டு எடுத்து ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் விட்டார். பிறகு மணியண்ணன் பக்கம் திரும்பினார். "கல்யாணம் பண்ணுனா சரியாப் போயிருமா? ஏஞ்சாமி, உங்கூட்டுல சரியாப் போச்சா?" மணியண்ணன் பாய்லருக்குப் பின்னால் போய்விட்டார்.

அடுத்து கப்பி மீன்கள். சின்னவை, சாதுவானவை, வாலெல்லாம் வண்ணம். அந்த வண்ண வால்தான் வினை. தன்னைப் போலவே அலங்காரத்தோடு இன்னோர் ஆண்பிள்ளை வந்துவிட்டான் என்று துரை முடிவு செய்தார். அவற்றையும் மீட்டு வாளிக்கு மாற்றினோம். மூன்றாவது, மீன் கடைக்காரர் அடித்துச் சொன்ன வரிக்குதிரைக் கோடு போட்ட பார்ப் மீன்கள். "இவனுக வேகத்துக்குத் தொரையால தொரத்தவே முடியாதுங்க." உண்மை. துரையால் துரத்த முடியவில்லை. அவை துரையைத் துரத்தின. அந்த நீள வாலை ஆளுக்கு ஒரு பக்கம் கடித்து இழுத்தன. துரை மூலையில் ஒண்டினார். அதுவரை அவரைத் திட்டிக்கொண்டிருந்த அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. "அடப்பாவிகளா, கோவக்காரன்னா ஆரு வேணா கடிக்கலாமா? அவனுக்கும் நோவுமல்ல?"

அன்று அக்கா வெகுநேரம் தொட்டியின் முன் உட்கார்ந்திருந்தார். பிறகு யாரிடமோ சொல்வது போலச் சொன்னார். "இவனுக்கு மினுக்கறவனும் ஆகாது, சீண்டறவனும் ஆகாது. வாலு நீளமில்லாம, நெறமில்லாம, அவன் மேல திரிஞ்சா அடியில தன் சோலியப் பாத்துட்டுத் திரியறவனா வேணும். அப்பிடி எவன் இருக்கறான்?"

இருந்தான். நான் அதே வார்த்தைகளை மீன் கடையில் ஒப்பித்ததும் கடைக்காரர் நெற்றியில் அடித்துக்கொண்டு, மண் நிறத்தில், குட்டி மீசை வைத்த கோரி மீன்களைக் காட்டினார். தனியாக விட்டால் ஏங்கிவிடும், கூட்டமாகத்தான் வாங்க வேண்டும், தொட்டியும் பெரிதாக வேண்டும் என்றார். கூடவே ஒரு வழிமுறையும் சொன்னார். முதலில் துரையை வெளியே எடுத்துவிட வேண்டும். கல், செடி, சட்டி எல்லாவற்றையும் இடம் மாற்றி வைத்துவிட்டுப் புதியவர்களைக் குடியேற்ற வேண்டும். துரை கடைசியாகத்தான் வர வேண்டும். பழைய இடம் என்று தெரிந்தால்தானே சண்டை; எல்லோருக்கும் புது இடம் என்றால் எவன் எவனை விரட்டுவது?

அக்கா அதை அப்படியே செய்தார். உடைந்த பூச்சட்டியைக் கவிழ்த்து ஒளிய இடம் கூட வைத்தார். துரை உள்ளே இறங்கி ஒரு சுற்றுச் சுற்றினார், ஒரு கோரியை முறைத்தார். அது தலை நிமிரவே இல்லை. மீசையால் மணலைத் துழாவிக்கொண்டு போய்விட்டது. துரைக்கு அவமானமாக இருந்திருக்கும். தலை குனிந்து வரிசையாகத் திரிகிறார்கள் என்பதால் அவற்றுக்கு அக்கா வைத்த பெயர் ரைட்டருங்க. எஸ்டேட்டில் துரைக்குக் கீழே குனிந்து கணக்கெழுதுகிறவர்கள் ரைட்டர்கள்தானே.

நாட்கள் போயின. அடிதடி இல்லை. மணியண்ணன் டீ ஆற்றும்போதெல்லாம், "ஏனுங்கக்கா, பொட்டி கட்டியாச்சுங்களா?" என்று சீண்டினார். அக்கா சிரிக்கவில்லை.

மாசம் முடியப்போகும் சமயம், ஒரு மத்தியானம் வேலை முடிந்து கடைக்குள் நுழைகிறேன். அக்கா முகம் பார்க்கும் கண்ணாடியைத் தொட்டியில் ஒட்டிப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். கண்ணாடிக்குள் தன்னையே பார்த்த துரை செவுளை விரித்துக் கொதித்துக்கொண்டிருந்தார். "அடி, அடிடா. ஒருத்தனயாவது அடி" என்று அக்கா முணுமுணுப்பது கேட்டது. என்னைப் பார்த்ததும் கை தளர்ந்தது. கண்ணாடி விலகியதும் துரையின் செவுள் மடங்கியது. இலை மேல் போய்ப் படுத்துக்கொண்டார். அவர் வாலுக்குக் கீழேயே ஒரு ரைட்டர் நடந்து போனார், துரை கண்டுகொள்ளவில்லை.

"பழகிட்டான், சனியன்" என்றார் அக்கா. ஸ்டூலில் உட்கார்ந்தார். மூச்சு வாங்கியது. "சண்ட வருமுன்னு எனக்குப் பயமில்ல கண்ணு. நான் போடாத சண்டையா? அங்க அவங்க ஊடு. சமையக்கட்டுல கரண்டி எங்க இருக்குதுன்னு அவங்களத்தான் கேக்கோணும். கேட்டுக் கேட்டு இருக்கற வயசா எனக்கு?"

வெந்நீர் வந்துவிடும் என்று சொல்கிற குரலில் ஏதோ சொல்லப் பார்த்து, நல்லவேளையாக நிறுத்திக்கொண்டேன். மாடிக்குப் போய்ச் சபீனாவுக்குப் போன் செய்து அம்மா சொன்னதை அப்படியே சொன்னேன். அவள் முழுக்கக் கேட்டுக்கொண்டாள். பிறகு, "அந்த மீன் தொட்டிய எப்பிடி மாத்தி வெச்சீங்கன்னு மறுபடி சொல்லுங்கண்ணா" என்றாள்.

அடுத்த வாரம் சேலத்து வீட்டில் வெள்ளையடித்தார்கள். வெள்ளையடிக்கும் சாக்கில் சபீனா கட்டில், பீரோ, அரிசி டிரம், கரண்டி ஸ்டாண்டு எல்லாவற்றையும் இடம் மாற்றினாள். மாமியாருக்கு வேறு அறை, அம்மாவுக்கு வேறு அறை, இருவருக்கும் தனித்தனிக் கதவு. மாசம் முடிந்ததும் அக்காவையும் துரையின் தொட்டியையும் கொண்டுபோய் விட நானும் போயிருந்தேன். சமையலறையில் சம்பந்தியம்மாள் தன் வீட்டிலேயே கரண்டி தேடித் திணறிக்கொண்டிருந்தார். அக்கா வாசலில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு உள்ளே போய் அவரும் தேட ஆரம்பித்தார். "இந்தப் புள்ளைக்கு ஒரு சாமானம் ஒழுங்கா வெக்கத் தெரியாதுங்க" என்று அக்கா சொல்ல, "நானும் அதத்தானுங்க சொல்றேன்" என்றார் சம்பந்தியம்மாள். அவர்கள் முதன்முதலாக ஒத்துப்போனது அந்த ஒரு விஷயத்தில்.

சண்டைகள் ஓய்ந்துவிட்டன என்று நினைத்துவிடாதீர்கள். சபீனா சொன்ன கணக்குப்படி உப்புக்கு ஒன்று, டி.வி. சத்தத்துக்கு ஒன்று என நடந்துகொண்டுதான் இருந்தன. ஆனால் யாரும் பஸ் ஏறவில்லை. சமவெளிச் சூட்டில் துரைக்குப் பல்பு தேவைப்படவில்லை. அக்காவுக்கு இழுப்பும் குறைந்துவிட்டது.

ஒரு கோடையில் அக்காவும் சம்பந்தியம்மாளும் ஏற்காடு பார்க்க வந்தார்கள், சுற்றுலாப் பயணிகளாக! அக்காவின் பழைய கடையை எடுத்து நடத்தியவரிடம் ஒரு சால்வையை ஆளுக்கு ஒரு முனையாகப் பிடித்துக்கொண்டு பேரம் பேசினார்கள். "நான் இருந்த கடைங்க இது, எனக்கேவா?" என்று அக்கா தொடங்க, "இந்தம்மா வாயில உழுந்தா நீங்க பொழைக்க மாட்டீங்க தம்பி, கேட்ட வெலைக்குக் குடுத்துருங்க. நான் அனுபவிச்சுச் சொல்றேன்" என்று சம்பந்தியம்மாள் முடித்தார்.

அந்தக் கடை இருந்த இடத்தில் இப்போது நாலு மாடி லாட்ஜ். மணியண்ணனின் பாய்லரும் இல்லை, மணியண்ணனும் இல்லை. துரை சேலத்துக்குப் போன அடுத்த வருஷமே கண்ணை மூடினார். ரைட்டர்கள் அவருக்குப் பிறகும் கொஞ்ச காலம் தலை குனிந்தே திரிந்தார்களாம். இரண்டு அம்மாக்களில் முதலில் போனது சம்பந்தியம்மாள். துக்கம் கேட்டு வந்தபின் சில மாதம் கழித்துச் சபீனாவிடம், அக்கா எப்படி இருக்கிறார் என்று விசாரித்தேன்.

"நல்லா இருக்காங்கண்ணா. வெச்சதச் சாப்புடறாங்க, சொன்னதக் கேக்கறாங்க. ஆரையும் ஒரு வார்த்த திட்டறதில்ல" என்றாள். பிறகு, "அம்மாவ அப்பிடிப் பாக்க முடியலீங்கண்ணா" என்றாள்.