பம்பு ரூமில் ஓடிய புலி

ஏற்காட்டு மலையில் தலைச்சோலையைத் தாண்டி மேலே ஏறும் ரோட்டில், எங்கள் தெரு முடிகிற வளைவில் பஞ்சாயத்துப் பம்பு ரூம் இருக்கிறது. காலையில் மோட்டாரைப் போடுவதும், மேல்தொட்டி நிறைந்ததும் நிறுத்துவதும், குழாய் உடைந்தால் சொல்லி அனுப்புவதும் என் வேலை. அதிகம் பேச வேண்டியிராத வேலை என்பதால் எனக்குப் பிடித்திருந்தது. நாலு பேர் நிற்கிற இடத்தில் எனக்கு வாய் வராது. பள்ளிக்கூடத்தில் பத்தாவது வரை படித்தபோதும் அப்படித்தான்.

எங்கள் தெருவில் எந்த வீட்டுக்குள்ளும் போன் டவர் எடுக்காது. பம்பு ரூமின் மேற்கு ஜன்னலில் மட்டும் எடுக்கும். சார்ஜ் போடப் பிளக்கும் உண்டு. எஸ்டேட்டுக்குள் போனைக் கொண்டுபோய் ஒரு பயனும் இல்லை. அதனால் காப்பிக் காட்டுக்கு வேலைக்குப் போகிறவர்கள் காலையில் தங்கள் போனை அந்த ஜன்னல் மேடையில் வைத்து, வயரைச் சொருகிவிட்டுப் போவார்கள். மணி அடித்தால் நான் எடுப்பேன். திருப்பூரிலிருந்து மகன் பேசுவான், எஸ்டேட் கணக்கு எழுதுகிற ரைட்டர் நாளை எந்தப் பக்கம் மிளகு எடுக்க வேண்டும் என்று சொல்வார். “அவரு வேலைக்குப் போயிட்டாருங்க, நான் பம்பு ரூம்ல இருந்து பேசறனுங்க” என்று சொல்லிச் சேதியை வாங்கி வைப்பேன். முகம் தெரியாதவர்களிடம் பேச எனக்குக் கூச்சம் இருக்கவில்லை.

இந்த ஏற்பாட்டில் ஒரு நம்பிக்கையும் சேர்ந்துகொண்டது. ஒரு மழைக்காலத்தில் யாருக்கும் அழைப்பு வராமல் இருந்தபோது, மறதியாகப் படம் ஓடவிட்டுப் போன ஒருவரின் போனுக்கு மட்டும் அழைப்பு வந்தது. அன்றிலிருந்து, படம் ஓடிக்கொண்டிருந்தால்தான் போன் டவரைப் பிடித்துக்கொண்டு நிற்கும், நிறுத்தினால் கைவிட்டுவிடும் என்று தெருவே முடிவு செய்துவிட்டது. எல்லோரும் வீடியோ ஆப்பைத் திறந்து, மேலே எது வந்து நிற்கிறதோ அதை ஓடவிட்டு, சத்தத்தைக் குறைத்து வைத்துவிட்டுப் போவார்கள். சின்னச் சின்னப் படங்கள் அவை. முடிந்ததும் அதே படம் முதலிலிருந்து மறுபடி ஓடும். யாராவது விரலால் தள்ளினால்தான் அடுத்தது வரும். தள்ள அங்கே ஆள் ஏது? மாவு ஆட்டுகிற ஒரு பெண் மத்தியானம் வரை மாவு ஆட்டிக்கொண்டே இருப்பாள். ஒரு நாய்க்குட்டி சாயங்காலம் வரை படியிலிருந்து விழுந்துகொண்டே இருக்கும்.

போன வருஷம் ஒன்றியக் கவுன்சிலர் தேர்தல் வந்தபோது எங்கள் வீட்டில் இருந்த பேச்சு ஒன்றே ஒன்றுதான்: காலை பஸ். என் மனைவிக்கு ஏற்காட்டில் ஏரிப் பக்கத்து லாட்ஜ் ஒன்றில் ரூம் சுத்தம் செய்கிற வேலை. ஏழு மணிக்குள் போய்விட வேண்டும். மழையில் ரோடு சரிந்தபோது நிறுத்திய பஸ்ஸை, ரோட்டைக் கட்டிய பிறகும் விடவில்லை. அவள் விடிவதற்கு முன்பே கிளம்பி, காப்பித் தோட்டத்துக்குள் குறுக்கு வழியில் நடந்து மெயின் ரோட்டைப் பிடித்து, அங்கே வருகிற ஜீப்பில் தொற்றிக்கொண்டு ஏற்காட்டு ஒண்டிக்கடை முக்குக்குப் போய்ச் சேருவாள். பாதி நாள் தாமதம். சீசன் தொடங்குகிறவரை பொறுத்துக்கொள்வேன், அதற்குப் பிறகு வேறு ஆள் பார்ப்பேன் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். ஓட்டுக் கேட்டு யார் வந்தாலும் பஸ்ஸைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்று அவள் என்னிடம் பலமுறை சொன்னாள். அவள் வேலைக்குப் போயிருக்கிற நேரத்தில்தான் வருவார்கள் என்பதால் அந்தப் பொறுப்பு எனக்கு. “காலை பஸ் வேணுமுங்க” என்ற ஒரு வரியை மோட்டார் சத்தத்துக்குள் சொல்லிப் பழகிக்கொண்டேன்.

அந்த நாட்களில் ஜன்னல் மேடையில் ஒரு புலி வந்து சேர்ந்தது. நம் மலையைப் புலிகளுக்கு ஒதுக்கப் போகிறார்கள், ஊர்களையெல்லாம் கீழே இறக்கிவிடப் போகிறார்கள், அதற்கு எதிர்க்கட்சி வேட்பாளர் சம்மதித்துவிட்டார் என்று ஒரு குரல் சொல்லும். படத்தில் இருந்த மலை எங்கள் மலை இல்லை. ஊசி இலை மரங்கள் நின்றன. முடிவில் புலி ஒரு முறை உறுமும். முதல் நாள் அந்த உறுமலுக்காக நாலைந்து பேர் நின்று திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். மறுநாள் அவர்கள் ஆப்பைத் திறந்ததும் புலிதான் மேலே நின்றது. அதையே ஓடவிட்டுப் போனார்கள். அதற்கு மறுநாள், முன்பு பார்க்காதவர்களின் போனிலும் புலி. ஒரு வாரத்தில் மேடை முழுக்கப் புலி. ஒரு போனில் உறுமி முடித்தால் இன்னொரு போனில் தொடங்கும். நான் மோட்டாருக்கு எண்ணெய் விட்டுக்கொண்டு அதைக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

ஆளுங்கட்சி வேட்பாளர் ஜீப்பில் வந்தார். மிளகும் காப்பியும் வைத்திருக்கிற விவசாயி அவர், மூணு ஊர் தள்ளி. மைக்கைப் பிடித்ததும் புலியைப் பற்றித்தான் பேசினார். தான் உயிரோடு இருக்கிறவரை இந்த மலையில் ஒரு புலியை விடமாட்டேன் என்றார். வேலை முடிந்து வந்து நின்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அதுவரை அதைப் படம் என்றுதான் நினைத்திருந்தார்கள். வேட்பாளரே சொல்கிறார் என்றதும் ஒரு பெரியவர், “அப்ப நெசந்தான் போல” என்றார். இரண்டு நாள் கழித்து எதிர்க்கட்சிக்காரர் வந்து, புலி என்பது பொய் என்று அரை மணி நேரம் பேசிவிட்டுப் போனார். இரண்டு பேரிடமும் என் ஒரு வரியைச் சொல்ல இடம் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தாலும் சொல்லியிருப்பேனா என்பது வேறு.

“கேட்டீங்களா?” என்றாள் மனைவி.

“புலியப் பத்திப் பேசினாங்க.”

“நான் நடக்கற வழில புலிய ஒரு நாளும் பாக்கலீங்களே. அதச் சொல்லியிருக்கலாமல்லோ.”

எனக்கு ஒரு சந்தேகம் கிளம்பியது. பஸ் எங்களுக்குத் தேவை என்று தெருவில் எல்லோருக்கும் தெரியும். புலி தேவை என்று யாரும் சொல்லவில்லை. பின்னே இவர்களை எங்கள் ஊரில் புலியைப் பேசச் சொன்னது யார்?

ஒண்டிக்கடையில் போன் கடை வைத்திருக்கிற பாயிடம் கேட்டேன். அவரிடம் எனக்குக் கொஞ்சம் பேச வரும். அந்த ஆப் வெளிநாட்டுக் கம்பெனியுடையது என்றும், யாருக்கு எதைக் காட்டுவது என்று அங்கே ஒரு கணக்கு இருக்கிறது என்றும் சொன்னார். நீங்கள் ஒன்றும் அமுக்க வேண்டாம், எவ்வளவு நேரம் பார்க்கிறீர்கள் என்பதே அதற்குப் போதும் என்றார். அது எனக்குப் புதிதாக இருந்தது. வாயைத் திறக்காதவன் மனதை யாரும் படிக்க முடியாது என்று இருந்தவன் நான்.

“அவங்ககிட்டப் போயிக் கேக்க முடியாதுங்களா, பாய்?”

“சிம்காரனுக்காச்சும் சேலத்துல ஒரு ஆளு இருக்கான், போயிக் கத்தலாம். இவங்களுக்கு வாசலே கெடையாதுங்க. நானே என் கடை விளம்பரத்தத் தூக்கிட்டாங்கன்னு மூணு மாசமாத் தேடிட்டு இருக்கறேன்.”

படம் ஓடினால்தான் டவர் நிற்குமா என்றும் கேட்டேன். அவர் சிரித்தார். மறுநாள் நானே சோதித்துப் பார்த்தேன். என் போனில் படத்தை நிறுத்தி வைத்தேன். அழைப்பு வந்தது. தெருவில் சொன்னபோது, உன் போன் புதுசு, எங்களதைத் தொடாதே என்றார்கள்.

பிரச்சாரம் முடிகிற வாரத்தில் வேட்பாளர் மறுபடி வந்தார். பேசி முடித்து, தொண்டை கட்டிப்போய், தண்ணீர் கேட்டுப் பம்பு ரூமுக்குள் நுழைந்தார். கூடவே சேலத்திலிருந்து வந்திருந்த இளைஞன் ஒருவன். அவர்களுக்கு ஆப் வேலைகளைப் பார்க்கிறவன். சொம்பை வாங்கிய வேட்பாளர் குடிக்காமல் நின்றார். ஜன்னல் மேடையில் வரிசையாகப் போன்கள். எல்லாவற்றிலும் புலி. பார்க்க ஆள் இல்லை.

“என்னங்க இது?” என்றார்.

வெளியே மைக்கும் அவரோடு வந்த கட்சிக் கூட்டமும் இருந்தன. உள்ளே மூன்று பேர்தான். ஜன்னலைப் பார்த்துக்கொண்டே நான் டவர் விஷயத்தைச் சொன்னேன். போன்காரர்கள் எல்லோரும் காட்டில் இருக்கிறார்கள், இது காலையிலிருந்து தானாக ஓடுகிறது என்றேன்.

வேட்பாளர் இளைஞனைப் பார்த்தார். அவன் தன் போனைத் திறந்து காட்டினான். அவர்கள் ரோடு, தண்ணீர், பென்ஷன், புலி என்று நாலு படம் போட்டிருக்கிறார்கள். புலிப் படம் எங்கிருந்தோ வந்ததை எடுத்துப் போட்டதாம். தலைச்சோலைப் பக்கத்தைச் சுற்றி மேப்பில் ஒரு வட்டம் போட்டுக் காசு கட்டினால், அந்த வட்டத்துக்குள் எந்தப் படத்தை எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்று கம்பெனி காட்டுமாம். புலியைக் காலையிலிருந்து சாயங்காலம் வரை பார்க்கிறார்கள் என்று காட்டியிருக்கிறது. “இவ்வளவு பாக்கற ஊரு வேற எங்கயுமே இல்லீங்கண்ணா. அதனாலதான் இங்க புலியப் பேசச் சொன்னேன்” என்றான். குரல் இறங்கியிருந்தது.

வேட்பாளர் தண்ணீரைக் குடித்து முடித்துவிட்டுச் சிரித்தார். பிறகு என்னிடம், “சரி, உங்களுக்கு என்ன வேணும், சொல்லுங்க” என்றார்.

“காலை பஸ் வேணுமுங்க” என்றேன். மனைவியின் வேலையைச் சொன்னேன், சீசனைச் சொன்னேன். நான் அவ்வளவு நேரம் பேசியது எனக்கே புதிது.

“ஆப்புல பஸ்ஸப் பத்தி ஏதாச்சும் வந்துச்சாப்பா?” என்று அவர் இளைஞனைக் கேட்டார்.

“இல்லீங்கண்ணா. பஸ்ஸுன்னு ஒருத்தருமே போடல.”

வேட்பாளர் வாசல்படியில் நின்று திரும்பினார். “ஏனுங்க, உங்ககிட்ட ஒளிக்கறதுக்கு என்ன இருக்குது. இனி நான் புலிய எறக்கி வெச்சுட்டுப் பஸ்ஸப் பேசுனா, அஞ்சாறு ஊருல பயந்து போயி உக்காந்திருக்கற சனம், இவனும் மலைய வித்துட்டான்னு சொல்லிப் போடும். செயிச்சா பாக்கறன்” என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார். வால் கையில் இருக்கும்போது புலியை விட முடியாது என்று எனக்கும் புரிந்தது. கோபம் வரவில்லை. இங்கே யாரும் இல்லாத அறையில் ஓடியதை எங்கோ ஒரு நாட்டில் கணக்கெடுத்து, அது மலையிறங்கிச் சேலம் போய், ஜீப் ஏறித் திரும்ப எங்களிடமே வந்த வழியை நினைத்துக்கொண்டு நின்றேன்.

மனைவி இதைக் கேட்டுவிட்டு, அப்படியானால் பஸ்ஸைப் படம் பிடித்து ஓடவிடுங்கள் என்றாள். பஸ் வராத ஸ்டாப்பை எடுத்துப் போட்டேன். என் போனிலும் அவள் போனிலும் நாளெல்லாம் ஓடியது. எங்களைத் தவிர யார் போனிலும் அது வந்து நிற்கவில்லை. அந்த வட்டம் போட எனக்குத் தெரியவில்லை.

அவர் ஜெயித்தார். புலியைத் தடுத்தவர் என்று போஸ்டர் ஒட்டினார்கள். சீசனுக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. அப்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை, சேலத்துச் சம்பந்தி வீட்டாரோடு அவர் என் மனைவி வேலை செய்கிற லாட்ஜுக்கே சாப்பிட வந்தார். அவள் படுக்கை விரிப்புகளைத் தோளில் போட்டுக்கொண்டு நேராகப் போய் அவர் மேஜைக்கு முன் நின்றாள். பம்பு ரூம்காரர் சம்சாரம் என்று சொல்லிவிட்டு, நாளைக்கு விடிகாலையில் என்கூட மெயின் ரோடு வரைக்கும் நடந்து வாருங்கள், அது போதும், வேறு ஒன்றும் கேட்கமாட்டேன் என்றாளாம். சம்பந்தி வீட்டார் எதிரில் மறுக்க அவரால் முடியவில்லை.

மறுநாள் அவர் வந்தார். அந்த இளைஞனும் வந்தான். நானும் போனேன். ஜீப்பைத் தெருவிலேயே நிறுத்த வைத்துவிட்டு அவள் டார்ச்சோடு முன்னால் நடந்தாள். சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவில் பாதி வழியில் அவள் கையைத் தூக்கினாள். நாங்கள் நின்றோம். பாதையின் குறுக்கே காட்டெருமைகள், கன்றோடு. மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. அவள் டார்ச்சைக் கீழே இறக்கினாள். வெகு நேரம் அப்படியே நின்றோம். கவுன்சிலரின் கை என் முழங்கையைப் பிடித்திருந்தது.

அவை இறங்கிப் போன பிறகு, “தெனமும் இப்படித்தானுங்களா?” என்றார் மெதுவாக.

“இன்னைக்கி நீங்க இருக்கறதால எனக்குப் பயமில்லீங்க. மத்த நாளு நான் ஒருத்திதான்.”

இளைஞன் அதைப் போனில் எடுத்திருந்தான். ஒண்டிக்கடை போனதும் ஆப்பில் போட்டான். இந்த முறை அவன் வட்டம் போடவில்லை, காசும் கட்டவில்லை என்றான். ஆனால் காட்டெருமை எங்கெல்லாமோ ஓடியது. யார் யாரோ கீழே எழுதினார்கள். கவுன்சிலர் அதே வாரம் டிப்போவுக்கும் போய்ப் பேசினார் என்று சொன்னார்கள்.

சீசன் தொடங்குவதற்கு முந்தின வாரம் காலை பஸ் வந்தது. அவர் நேரில் பேசியதால் வந்ததா, அந்தப் படம் ஓடியதால் வந்ததா என்று எனக்குத் தெரிந்துகொள்ள ஆசையாக இருந்தது. கண்டக்டரிடமே கூச்சத்தை விட்டுக் கேட்டேன். தனக்குத் தெரியாது, போகச் சொன்னார்கள், வருகிறேன் என்றார். மனைவி ஜன்னலோரம் இடம் பிடித்துக்கொண்டு என்னைக் குனிந்து பார்த்தாள்.

“எதனால வந்தா என்னுங்க. ஏழுக்கு முன்னால போயிச் சேருதான்னு பாப்பம். வழிய உடுங்க, வண்டி எடுக்கட்டும்.”